பெட்டியா, பழக்கமா: பள்ளிக்குப் பணம் கொடுக்கும் முன்

எங்கள் அறக்கட்டளை சின்னது. வருடத்துக்கு நான்கைந்து விண்ணப்பங்களுக்கு மேல் தாங்காது. அவற்றில் ஒன்றாவது "பிள்ளைகளின் நற்பண்பு வளர்ச்சி" என்ற தலைப்போடு வரும். முதல் மூன்று வருடம் ஒரு வழியில் கொடுத்தோம், அப்புறம் வேறு வழிக்கு மாறினோம். மாற வேண்டும் என்று கூட்டத்தில் அதிகம் கத்தியவர்களில் நானும் ஒருவன். ஆகவே இது நடுநிலையான அலசல் இல்லை.

எங்கள் மேஜைக்கு வருபவை பெரும்பாலும் மூன்று வகை. முதலாவதை நாங்கள் "பெட்டி" என்போம்: பாடநூல், படக்கதை அட்டைகள், ஆசிரியர் கையேடு, கூடவே இரண்டு நாள் பயிற்சி. வாரம் ஒரு பாடவேளையில் கோபத்தை அடக்குவது, பகிர்ந்துகொள்வது, உண்மை பேசுவது என்று வரிசையாக நடத்துவார்கள். இரண்டாவது, நல்ல நடத்தைக்குப் பரிசு, பதக்கம், புள்ளி அட்டை. மூன்றாவது, பள்ளி முழுவதையும் ஒருவர் மேல் ஒருவர் அக்கறை உள்ள இடமாக மாற்றப் பார்க்கும் பல வருடத் திட்டம்; இதை "பழக்கம்" என்போம்.

பரிசைப் பற்றி நீட்டத் தேவையில்லை. 1973இல் வெளிவந்த ஓர் ஆய்வில், படம் வரைவதை விரும்பிச் செய்த மழலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு "வரைந்தால் பரிசு" என்று முன்கூட்டியே சொல்லிக் கொடுத்தார்கள். பிறகு பரிசு இல்லாத நேரத்தில் அந்தப் பிள்ளைகள் வரைவது குறைந்துபோனது. உதவி செய்வதற்கும் அப்படியே ஆகும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் "இதுக்கு எத்தனை புள்ளி?" என்று ஒரு பிள்ளை கேட்டதை என் காதால் கேட்ட பிறகு எனக்கு மனம் ஒப்பவில்லை.

பெட்டிக்கும் பழக்கத்துக்கும்தான் உண்மையான போட்டி. பெட்டியின் பலம் வெளிப்படையானது: உடனே தொடங்கலாம், எண்ணிக் காட்டலாம். இத்தனை வகுப்பு, இத்தனை பிள்ளைகள், இத்தனை பாடவேளை என்று ஆண்டறிக்கை தானாக எழுதிக்கொள்ளும். அறங்காவலர்களுக்கு இது பிடிக்கும். எனக்கும் பிடித்திருந்தது.

மூன்றாவது வழியில் காட்ட அதிகம் இருக்காது. இதற்கு நான் பார்க்கும் முன்மாதிரி அமெரிக்காவில் இருக்கிறது. கலிபோர்னியாவின் சான் ரமோனில் 1982இல் ஹியூலெட் அறக்கட்டளையின் பணத்தில் ஒரு குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. மூன்று பள்ளிகளில் மழலை வகுப்பில் சேர்ந்த பிள்ளைகளை ஆண்டுக்கணக்காகப் பின்தொடர்ந்தார்கள், ஒப்பிட்டுப் பார்க்க வேறு மூன்று பள்ளிகள். பரிசு, புள்ளி எதையும் வேண்டுமென்றே தவிர்த்தார்கள். அந்தத் திட்டம் பின்னாளில் நான்கு எளிய பழக்கங்களாகச் சுருங்கியது: வட்டமாக உட்கார்ந்து பேசும் வகுப்புக் கூட்டம், பெரிய வகுப்புப் பிள்ளைக்கும் சின்ன வகுப்புப் பிள்ளைக்கும் ஜோடி, வீட்டில் பெற்றோரோடு பேசிச் செய்யும் சிறு வேலைகள், பள்ளி மொத்தமும் சேரும் நிகழ்ச்சிகள். இதில் விலை கொடுத்து வாங்க என்ன இருக்கிறது என்று தோன்றும். ஆசிரியர்களின் நேரம்தான் இங்கே செலவு. அவர்கள் ஒன்றாக உட்கார்ந்து திட்டமிட, ஒருவர் வகுப்பை மற்றவர் பார்க்க, அந்த நேரத்தில் வகுப்பைக் கவனிக்க மாற்று ஆள் வைக்க என்று, இதே வழியில் எங்கள் பள்ளிகளுக்கு நாங்கள் கொடுத்த பணத்தில் பெரும்பங்கு போனது.

என்னை மாற்றியது ஒரே கேள்வி: பணம் நின்ற பிறகு என்ன மிஞ்சும்?

பெட்டி கொடுத்த பள்ளி ஒன்றுக்கு, எங்கள் கடைசித் தவணை முடிந்து ஒன்றரை வருடம் கழித்துப் போனேன். அட்டைகள் அலமாரியில் பத்திரமாக இருந்தன, மிகப் பத்திரமாக. பயிற்சி எடுத்த ஆறு ஆசிரியர்களில் நான்கு பேர் மாறிப் போயிருந்தார்கள். புதிதாக வந்த ஆசிரியை, "சார், அது எங்களுக்கு யாரும் சொல்லித் தரலையே" என்றார். அவர் மேல் தப்பே இல்லை. பெட்டிக்கான அறிவு பயிற்சி தருபவரிடம் இருக்கிறது, ஆள் மாறும் ஒவ்வொரு முறையும் அவரை மறுபடி கூப்பிட வேண்டும். நன்கொடை கேட்கும்போது யாரும் இந்தப் பராமரிப்புச் செலவைக் கணக்கில் காட்டுவதில்லை. நாங்களும் கேட்கவில்லை.

பழக்கம் வேறு மாதிரி பரவுகிறது. புது ஆசிரியர் பக்கத்து வகுப்பில் நடக்கும் கூட்டத்தை இரண்டு முறை பார்த்தால் போதும், தட்டுத்தடுமாறியாவது தன் வகுப்பில் நடத்திவிடுவார். அவர் மறந்தால் பிள்ளைகளே ஞாபகப்படுத்துகிறார்கள். ஒரு வகுப்பில், வரிசையில் முந்துவது பற்றிய சண்டை மூன்று கூட்டங்களுக்கு இழுத்தது. கடைசியில் பிள்ளைகளே ஒரு விதி வகுத்தார்கள். அது அவ்வளவு நல்ல விதி இல்லை, ஆனாலும் அவர்கள் அதை மதித்தார்கள். கையேட்டில் பதினோராம் பாடமாக "பொறுமை" படித்த வகுப்பில் இப்படி ஒன்றை நான் பார்க்கவில்லை.

ஆனால் பழக்கமும் சாகும், வேறு நோயில். எங்கள் பள்ளிகள் ஒன்றில் தலைமை ஆசிரியர் மாறினார். வந்தவர் தேர்வு நெருங்குகிறது என்று வகுப்புக் கூட்டத்தைக் கணக்குப் பாடவேளையாக்கினார், ஒரே பருவத்தில் எல்லாம் போய்விட்டது. தப்பு எங்களுடையது. தலைமை ஆசிரியர் ஒருவரை மட்டும் நம்பிக் கொடுத்திருந்தோம். இப்போது ஒவ்வொரு பள்ளியிலும் இரண்டு ஆசிரியர்களைப் பொறுப்பாளர்களாக வைத்து, அவர்களுக்கு வாரத்தில் சில மணி நேரம் ஒதுக்க மட்டும் தனியாகப் பணம் தருகிறோம். மொத்தத் தொகையை ஐந்து வருடத்துக்குப் பிரித்து, வருடா வருடம் குறைக்கிறோம். முதல் வருடமே அள்ளிக் கொடுத்தால் பள்ளி அதைப் பொருளாக வாங்கிவிடும்.

ஆய்வுகள் முழுக்க என் பக்கம் நிற்கின்றன என்று சொன்னால் பொய். சான் ரமோனுக்குப் பிறகு அந்தத் திட்டத்தை ஆறு மாவட்டங்களில் 12 பள்ளிகளில் நடத்தினார்கள். அவற்றில் பாதிக்கும் குறைவான பள்ளிகளில்தான் நடைமுறை உண்மையிலேயே மாறியது, நல்ல பலனும் அங்கேதான் தெரிந்தது. பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து அலசிய பெரிய தொகுப்பாய்வு ஒன்று 2011இல் வந்தது; அது பிள்ளைகளின் சமூக, உணர்வுத் திறன்களை வளர்க்கும் 213 பள்ளித் திட்டங்களையும் சுமார் 2,70,000 மாணவர்களையும் சேர்த்துப் பார்த்தது. பள்ளியின் சொந்த ஆசிரியர்கள் நடத்தியபோதுதான் படிப்பிலும் முன்னேற்றம் தெரிந்தது என்பது எனக்குச் சாதகம். வகுப்பறைப் பாடத்தோடு வீடு, பள்ளி என்று விரிந்த திட்டங்கள் வெறும் வகுப்பறைத் திட்டங்களை மிஞ்சவில்லை என்பதும் அதே ஆய்வில்தான் இருக்கிறது, அது பாதகம். பெரிய திட்டம் என்றால் பாதி வேலை அரைகுறையாக நிற்கும் என்பதுதான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

சொந்த ஆசிரியர் நடத்தினால் போதும் என்றும் சொல்ல முடியாது. வெல்கம் அறக்கட்டளையின் பணத்தில் பிரிட்டனில் 85 பள்ளிகளில் நடந்த மனக்குவிப்புப் பயிற்சி (மூச்சையும் எண்ணங்களையும் அமைதியாகக் கவனிக்கப் பழகுவது) ஆய்வின் முடிவு 2022இல் வந்தது. பாடம் நடத்தியவர்கள் பள்ளி ஆசிரியர்கள்தான். ஆனால் பிள்ளைகளின் மனநலத்தில், வழக்கமான வகுப்புகளைவிட அது ஒன்றும் கூடுதலாகச் செய்யவில்லை. பயிற்சி எடுத்த ஆசிரியர்களின் சோர்வு மட்டும் கொஞ்ச காலத்துக்குக் குறைந்தது. ஆசிரியருக்கு நேரமும் ஆசுவாசமும் கொடுப்பதே பாதி வேலை என்று நான் நினைப்பதற்கு இதுவும் ஒரு காரணம், இதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்றாலும்.

எங்கள் அனுபவம் தொடக்கப் பள்ளியோடு நின்றுவிடுகிறது. பாடத்துக்கு ஒரு ஆசிரியர் வந்து போகும் மேல்வகுப்புகளில் வகுப்புக் கூட்டத்தை யார் நடத்துவது? ஒரே ஒரு முறை முயன்றோம், பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். பெற்றோரோடு பேசிச் செய்யும் அந்தச் சிறு வேலைகளும் எங்களுக்குச் சரிவரவில்லை; இரவு வரை உழைத்துவிட்டு வரும் பெற்றோரிடம் தாளை நீட்டினால் கையெழுத்து மட்டும்தான் வந்தது. எத்தனை பள்ளி, எத்தனை வருடம் என்று பார்த்தால் எங்கள் கணக்கு மிகச் சிறியது என்பதும் உண்மை.

ஒரு வருடத்துக்கு மேல் உறுதி கொடுக்க முடியாத அறக்கட்டளை என்றால் நான் பெட்டியையே வாங்கச் சொல்வேன், புது ஆசிரியருக்கான மறுபயிற்சிச் செலவையும் முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு. மூன்றாவது வழியைத் தொடங்கிப் பாதியில் விட்டால், அடுத்து வருபவர் எவ்வளவு நல்ல யோசனையோடு வந்தாலும் அந்த ஆசிரியர்கள் நம்ப மாட்டார்கள். அப்படிப்பட்ட பள்ளி ஒன்றுக்குள் நாங்கள் நுழைந்தபோது, எங்களோடு உட்கார்ந்து பேசவே ஆசிரியர்களுக்கு ஒரு வருடம் ஆனது.