தாம்பரம் முதல் கடற்கரை வரை: நான்கு துப்பறிவாளர்கள்

காலையில் தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி, உட்கார இடமும் கிடைத்துவிட்டால், கடற்கரை ஸ்டேஷன் வரும்வரை ஏறக்குறைய ஒரு மணி நேரம் என் கையில் இருக்கும். அந்த நேரத்துக்குள் ஒரு கதை தொடங்கி, சிக்கலாகி, அவிழ்ந்து முடிந்துவிட வேண்டும். நாவல் இதற்குச் சரிப்படவில்லை. திங்கட்கிழமை படித்த பெயர் வியாழக்கிழமை மறந்துவிடுகிறது, மறுபடி பின்னால் புரட்ட வேண்டியிருக்கிறது. ரத்தமும் சதையுமாக வர்ணிக்கிற குற்றக் கதைகளும் வேண்டாம். வேலைக்குப் போகிற வழியில் அதைத் தாங்க என்னால் முடியாது. எனக்கு வேண்டியது ஒரு புதிர், அதற்கு ஒரு விடை, நடுவில் நிஜமான மனிதர்கள்.

இந்தக் கணக்குக்குள் வந்து என் பையில் மாறி மாறி இடம் பிடிப்பவர்கள் நான்கு பேர். ஆர்தர் கோனன் டாய்லின் ஷெர்லக் ஹோம்ஸ், ஜி. கே. செஸ்டர்டனின் ஃபாதர் பிரவுன், அகதா கிறிஸ்டியின் மிஸ் மார்பிள், அப்புறம் நம்முடைய தேவனின் துப்பறியும் சாம்பு. இவர்களில் யாரை முதலில் எடுக்கலாம் என்று கேட்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: மூன்று கதைகளின் முடிவைச் சொல்லித்தான் பேசப் போகிறேன். முடிவு தெரிந்த பிறகும் படிக்க முடிகிறதா என்பதுதான் என் முதல் அளவுகோல்.

ஹோம்ஸிலிருந்து தொடங்கலாம். நாவல்கள் நான்கு, சிறுகதைகள் 56. லண்டனில் வந்த ஸ்ட்ராண்ட் பத்திரிகையில் 1891 ஜூலையில் முதல் சிறுகதை வெளியானது. அடுத்த மாதமே வந்தது ‘ரெட் ஹெடட் லீக்’, அதாவது செம்பட்டைத் தலைமுடிக்காரர் சங்கம். செம்பட்டைத் தலைமுடிக்காரர் ஒருவருக்கு அந்தச் சங்கத்தில் ஒரு விநோதமான வேலை கிடைக்கிறது. பெயர் ஜேபஸ் வில்சன், சின்ன அடகுக்கடை வைத்திருப்பவர். தினமும் காலை பத்து மணியிலிருந்து இரண்டு மணி வரை ஓர் அறையில் உட்கார்ந்து என்சைக்ளோபீடியா பிரிட்டானிகாவைக் கையால் நகலெடுக்க வேண்டும். வாரத்துக்கு நான்கு பவுண்டு சம்பளம். எட்டு வாரம் ‘ஏ’ எழுத்தில் வருகிறதையெல்லாம் எழுதித் தள்ளுகிறார். ஒரு நாள் போனால் கதவு பூட்டியிருக்கிறது, சங்கம் கலைக்கப்பட்டது என்று ஓர் அட்டை ஒட்டியிருக்கிறது.

இந்தத் தொடக்கத்துக்கு ஈடாக வேறு ஒன்றை நான் படித்ததில்லை. குற்றமே இன்னும் கண்ணில் படவில்லை, அதற்குள் நாம் உள்ளே போய்விட்டோம். கடையில் பாதிச் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் ஒரு கடைப்பையன் இருக்கிறான். போட்டோ கழுவுகிறேன் என்று அடிக்கடி நிலவறைக்குள் போய்விடுவான். ஹோம்ஸ் கடை வாசலுக்குப் போய், தரையைக் கைத்தடியால் தட்டிப் பார்க்கிறார். பிறகு கதவைத் தட்டி அவனிடம் வழி கேட்கிறார். அவர் பார்க்க வந்தது அவன் முகத்தை அல்ல, முழங்காலை. கால்சட்டை முழங்காலில் தேய்ந்து அழுக்கேறியிருக்கிறது. நிலவறையிலிருந்து பின்னால் இருக்கும் வங்கியின் பெட்டக அறைக்கு அவன் சுரங்கம் தோண்டிக்கொண்டிருக்கிறான். வில்சனைக் கடையிலிருந்து அப்புறப்படுத்தி வைக்கத்தான் அந்த நகலெடுக்கும் வேலை.

படிக்கும்போது கை தட்டத் தோன்றும். ஆனால் அந்த முழங்கால் எப்படி இருந்தது என்று டாய்ல் நமக்கு முன்னால் சொல்வதே இல்லை. எல்லாம் முடிந்த பிறகு ஹோம்ஸ் விளக்கும்போதுதான் தெரிகிறது. நாமும் ஹோம்ஸின் நண்பர் வாட்சன் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தவர்கள்தான். பெரும்பாலான ஹோம்ஸ் கதைகள் இப்படித்தான். வாசகரோடு போட்டி கிடையாது, வித்தை காட்டுவதுதான் நடக்கிறது. வித்தைக்காரர் மிகத் தேர்ந்தவர் என்பதால் குறையாகத் தெரிவதில்லை. உடம்பு அசந்திருக்கிற நாளில், மூளைக்கு வேலை கொடுக்காமல் ஒரு நல்ல கதை வேண்டும் என்றால் ஹோம்ஸ்தான்.

வாசகருக்கும் சம வாய்ப்பு தர வேண்டும் என்ற எண்ணம் துப்பறியும் கதை எழுதுகிறவர்களிடம் பிறகு வலுத்தது. கத்தோலிக்கப் பாதிரியாரும் துப்பறியும் கதை எழுத்தாளருமான ரொனால்ட் நாக்ஸ் 1929-ல் பத்து விதிகளை எழுதி வைத்தார். அதில் ஆறாவது விதி: தற்செயலாக நடக்கிற எதுவும் துப்பறிவாளருக்கு உதவக் கூடாது. காரணம் சொல்ல முடியாத உள்ளுணர்வால் விடை தெரிவதும் கூடாது.

நம்ம சாம்பு முழுக்க முழுக்க இந்த ஆறாவது விதிக்கு வெளியே நிற்கிறவர். வங்கிக் குமாஸ்தா, வழுக்கைத் தலை, நீள மூக்கு. மேனேஜர் உட்பட எல்லாரும் அசடு என்று ஒதுக்கிவைத்த மனிதர். இவர் வாய் தவறி ஏதோ உளறுவார், இன்ஸ்பெக்டர் கோபாலன் அதை மகத்தான துப்பாக எடுத்துக்கொள்வார். திருடன் பிடிபடுவான், புகழ் சாம்புவுக்கு வந்து சேரும். தேவன் 1940-களில் ஆனந்த விகடனில் எழுதியது. பின்னால் கோபுலுவின் கைவண்ணத்தில் சித்திரத் தொடராகவும் வந்து, அந்த மூக்கு ஒரு தலைமுறைக்கே பழகிவிட்டது.

துப்பறியும் கதை என்ற அளவில் சாம்புவை மற்ற மூவரோடு நிறுத்த முடியாது. புதிரை அவிழ்க்கிற இன்பம் இங்கே கிடையாது. ஆனால் வேறொன்று இருக்கிறது. மற்ற கதைகளில் துப்பறிவாளருக்கு நம்மைவிட அதிகம் தெரியும், இங்கே நமக்குத்தான் எல்லாரையும்விட அதிகம் தெரியும். சாம்புவின் ரகசியம் நம் ஒருவரிடம்தான் இருக்கிறது. அது அம்பலமாகிவிடக் கூடாதே என்று கதை முழுக்க அவருக்காக நாம் பதறுகிறோம். அவர் மனைவி வேம்பு மாமி அவர்மேல் வைத்திருக்கும் நம்பிக்கையைப் படிக்கும்போது எனக்குச் சிரிப்போடு ஒரு நெகிழ்ச்சியும் வரும். ஒரு வேண்டுகோள்: இவரைத் தொடர்ந்து ஐந்தாறு கதைகள் படிக்காதீர்கள். அச்சு ஒன்றே என்பது தெரிய ஆரம்பித்துவிடும். வாரம் ஒன்று போதும்.

சரி, ஃபாதர் பிரவுன். 1911-லிருந்து 1935 வரை ஐந்து தொகுப்புகள். முதல் தொகுப்பு ஒன்றுக்காகவே செஸ்டர்டனை நான் நால்வரில் உயரத்தில் வைக்கிறேன். பிற்காலத் தொகுப்புகள் அந்த அளவுக்கு இல்லை. பிரவுன் குள்ளமான பாதிரியார், உருண்டை முகம், கையில் எப்போதும் ஒரு குடை. காலடித் தடமும் சுருட்டுச் சாம்பலும் அவருக்கு இரண்டாம்பட்சம். பாவமன்னிப்புக் கூண்டில் மனிதர்கள் சொல்லக் கேட்டவைதான் அவருடைய படிப்பு.

முதல் தொகுப்பில் இருக்கும் ‘இன்விசிபிள் மேன்’ கதையைப் பாருங்கள். மாடிக் குடியிருப்பு ஒன்றில் ஒருவரைக் கொல்லப் போவதாக மிரட்டல் வருகிறது. வாசலைக் கவனிக்க நான்கு பேரிடம் சொல்லிவிட்டுப் போகிறார்கள். திரும்பி வந்து கேட்டால், யாருமே உள்ளே போகவில்லை என்று நால்வரும் அடித்துச் சொல்கிறார்கள். ஆனால் புதிதாய் விழுந்த பனியில் காலடித் தடம் இருக்கிறது. மாடியில் ரத்தக்கறை இருக்கிறது, ஆளைக் காணோம். அந்தத் தடத்தை முதலில் பார்த்துச் சொல்கிறவர் பிரவுன்தான்.

உள்ளே போனவர் தபால்காரர். நான்கு பேர் கண் முன்னால் படியேறி, சின்ன உருவமான அந்த மனிதரைக் கொன்று, உடலைத் தபால் பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போயிருக்கிறார். நால்வரும் பொய் சொல்லவில்லை. பெரிய மாளிகைச் சீமாட்டியிடம் ‘உங்களோடு யாராவது தங்கியிருக்கிறார்களா?’ என்று கேட்டால், ‘யாரும் இல்லை’ என்றுதான் சொல்வார் என்று பிரவுன் விளக்குகிறார். வேலைக்காரர்கள் அறையிலேயே நின்றாலும் அந்தக் கணக்கில் வர மாட்டார்கள்.

இதைப் படித்த அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன். ‘காலையில யாராவது வந்தாங்களாம்மா?’ என்று கேட்டேன். ‘யாரும் வரலையேப்பா’ என்றார் அம்மா. சமையலறை மூலையில் புதிய தண்ணீர் கேன் நிறைந்து நின்றது. அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன், என்னைக் கேட்டிருந்தாலும் அதே பதில்தான் வந்திருக்கும்.

ஹோம்ஸ் கதையை அதற்குப் பிறகு திருப்பிப் படித்தபோது ஒரு விஷயம் உறைத்தது. அங்கேயும் குற்றவாளி கடைப்பையன்தான், முதலாளி சரியாகக் கவனிக்காத ஓர் ஆள். ஆனால் பிடிபட்டதும் அவன் என்ன சொல்கிறான்? தன் உடம்பில் ராஜ ரத்தம் ஓடுகிறது, தன்னிடம் மரியாதையாகப் பேச வேண்டும் என்கிறான். பெரிய படிப்புப் படித்த பிரபு வம்சத்துக்காரன் கடைப்பையன் வேஷத்தில் இருந்திருக்கிறான். டாய்லுக்கு அது வேஷம் மட்டும்தான். செஸ்டர்டன் அந்த வேஷத்தின் மேலேயே விரலை வைத்துவிடுகிறார்: ஒரு சீருடையை மாட்டிக்கொண்டால் ஊரே ஒரு மனிதனைப் பார்க்காமல் விட்டுவிடுகிறது. கதையின் கடைசியில் பிரவுன் அந்தக் கொலைகாரனோடு பனி மூடிய மேடுகளில் நட்சத்திர வெளிச்சத்தில் பல மணி நேரம் நடக்கிறார். என்ன பேசினார்கள் என்பதைச் செஸ்டர்டன் நமக்குச் சொல்வதில்லை. மூன்று தடவை படித்தும் அந்த இடத்தில் எனக்கு மனசு நின்றுவிடுகிறது.

பிரவுனிடம் ஒரு சிரமம் உண்டு. செஸ்டர்டனின் ஆங்கிலம் அடர்த்தியானது. வானம், வெளிச்சம், தெருவின் நிறம் என்று முதல் இரண்டு பக்கம் வர்ணனை. கூட்ட நெரிசலில் நின்றுகொண்டு படிக்க முடியாது. சனிக்கிழமை போல ரயில் கொஞ்சம் காலியாக இருக்கிற நாளுக்கு இவரை ஒதுக்கிவிடுங்கள்.

மிஸ் மார்பிளுக்கு அந்தச் சிரமமும் இல்லை. இவர் வந்த முதல் சிறுகதை 1927 டிசம்பரில் வெளியானது. 1932-ல் ‘தர்ட்டீன் ப்ராப்ளம்ஸ்’ என்று பதின்மூன்று கதைகள் ஒரே புத்தகமாக வந்தன. முதல் கதை ‘டியூஸ்டே நைட் கிளப்’. மார்பிள் வீட்டில் ஆறு பேர் கூடி, ஆளுக்கு ஒரு புதிர் சொல்வதாக ஏற்பாடு. ஸ்காட்லாந்து யார்டில் பெரிய பதவியில் இருந்தவர், வக்கீல், பாதிரியார், எழுத்தாளர், ஓவியர். ஆறாவது ஆள், பெரிய நாற்காலியில் உட்கார்ந்து கம்பளி பின்னிக்கொண்டிருக்கும் கிழவி, மார்பிள்.

புதிர் இது. மூன்று பேர் இரவு உணவு சாப்பிடுகிறார்கள்: டின்னில் அடைத்த லாப்ஸ்டர், சாலட், கடைசியில் ட்ரைஃபிள் என்ற இனிப்பு. மூவருக்கும் வயிறு கெட்டுப்போகிறது, மனைவி மட்டும் இறந்துபோகிறாள். பரிசோதித்தால் ஆர்சனிக். கணவன்மேல் சந்தேகம், ஆனால் விஷம் எதில் போனது என்று தெரியவில்லை. அவன் மை ஒற்றிய தாளில் ‘ஹண்ட்ரட்ஸ் அண்ட் தௌசண்ட்ஸ்’ என்ற சொற்கள் பதிந்திருக்கின்றன. எல்லாரும் அதைப் பணக் கணக்கு என்று நினைக்கிறார்கள். மார்பிள் மட்டும் சமையலறையை நினைக்கிறார். ட்ரைஃபிள் மேல் தூவுகிற பொடிப்பொடியான வண்ணச் சர்க்கரைக்கு இங்கிலாந்தில் அதுதான் பெயர். விஷம் அதில் இருந்திருக்கிறது. தூவியது வேலைக்காரப் பெண் கிளாடிஸ். கல்யாணம் செய்துகொள்கிறேன் என்று எஜமானன் சொன்னதை நம்பியவள். அவன் தன் பங்கிலிருந்த சர்க்கரையைச் சுரண்டி ஒதுக்கிவிட்டான், மூன்றாம் ஆள் ட்ரைஃபிளைத் தொடவே இல்லை.

முதல் உலகப் போர்க்காலத்தில் மருத்துவமனையில் மருந்து கலக்கும் பிரிவில் வேலை பார்த்தவர் கிறிஸ்டி. விஷம் பற்றி அவர் எழுதுகிற இடங்களில் அந்தப் பழக்கம் தெரியும். ஆனால் இந்தக் கதையில் என்னைப் பிடித்தது வேறு. விடையை அவிழ்க்கத் தேவையான சாமான் எல்லாம் நம் முன்னாலேயே மேஜையில் பரப்பப்பட்டிருக்கிறது, ட்ரைஃபிள் உட்பட. ஹோம்ஸின் முழங்கால் போல எதுவும் மறைக்கப்படவில்லை. மார்பிள் விடைக்கு வருகிற வழியும் அப்படித்தான்: பழைய நாளில் தன் ஊர்க்காரர் ஒருவர் வேலைக்காரப் பெண்ணோடு இன்னொரு குடும்பமே வைத்திருந்த கதை அவருக்கு ஞாபகம் வருகிறது, அவ்வளவுதான்.

எனக்கு இதில் ஒரு வருத்தமும் உண்டு. கிளாடிஸ் பிறகு என்ன ஆனாள் என்பதைக் கிறிஸ்டி இரண்டு மூன்று வாக்கியத்தில் முடித்துவிடுகிறார். குழந்தை பிழைக்கவில்லை, அவனும் கைவிட்டுவிட்டான், சாகும்போது உண்மையைச் சொல்லிவிட்டாள். அவளுக்கு ஒரு பக்கமாவது கொடுத்திருக்கலாம். இந்த இடத்தில் பிரவுன் இருந்திருந்தால் அவளோடு கொஞ்ச தூரம் நடந்திருப்பார் என்று தோன்றும். அவளைப் போல யாரும் ஏறிட்டுப் பார்க்காத ஒரு குமாஸ்தாவைக் கதையின் நடுவில் உட்காரவைத்து மாலை போட்டதற்காகத் தேவன்மேல் எனக்கு இன்னும் மரியாதை கூடுகிறது.

வாங்குகிற விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஹோம்ஸுக்கும் பிரவுனுக்கும் பைசா செலவில்லை. ப்ராஜெக்ட் குட்டன்பர்க் தளத்தில் ஆங்கில மூலம் பெரும்பாலும் இலவசமாகவே இருக்கிறது, போனில் இறக்கிக்கொள்ளலாம். கிறிஸ்டி இறந்தது 1976-ல், பதிப்புரிமை இன்னும் இருக்கிறது, புத்தகமாகத்தான் வாங்க வேண்டும். மார்பிளை முடிந்தால் ஆங்கிலத்திலேயே படியுங்கள். அந்தச் சர்க்கரையின் பெயரைத் தமிழாக்கினால் துப்பே கரைந்துபோகும்.

என்னைக் கேட்டால், முதலில் மார்பிளின் பதின்மூன்று கதைகள். அடுத்து பிரவுனின் முதல் தொகுப்பு, இடையிடையே ஹோம்ஸ். காய்ச்சலில் படுத்திருக்கும்போது சாம்பு. வரிசை இதுதான் என்றாலும், வீட்டில் ஒரு புத்தகம்தான் இருக்க வேண்டும் என்றால் பிரவுனை வைத்துக்கொண்டு மற்றதைக் கொடுத்துவிடுவேன்.

போன மாதம் மன்னார்குடியிலிருந்து பெரியம்மா வந்திருந்தார். ஆங்கிலம் தெரியாது, துப்பறியும் கதையும் படித்ததில்லை. சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தபோது ‘டியூஸ்டே நைட் கிளப்’ கதையை அவருக்குச் சொன்னேன். மூன்று பேர் சாப்பிட்டது, மனைவி செத்தது, கணவனைப் போலீஸ் சந்தேகப்பட்டது என்று வந்து, அந்த இடத்தில் நிறுத்தி, ‘யாராயிருக்கும், சொல்லுங்க’ என்றேன். பெரியம்மா வெற்றிலையை மடித்தபடி, ‘சமைச்சுப் போட்டது யாருடா?’ என்றார். வீட்டில் வேலைக்கு ஒரு பெண் இருந்தாள் என்றேன்.

‘அந்தப் பொண்ணுக்கு என்ன வயசு?’ என்று கேட்டார்.