சிங்கப்பூர் க்ரூஸ்: ‘எல்லாம் சேர்த்து’ என்று பணம் வாங்கும் ஏஜென்டிடம் எதைக் கேட்டு வாங்க வேண்டும்

திருச்சி, மதுரை, சென்னை பக்கமிருந்து சிங்கப்பூர் போய், அங்கிருந்து மலேசியாவின் பினாங்கு, தாய்லாந்தின் புக்கெட் போகும் கப்பலில் ஏறலாம் என்று திட்டம் போட்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஏஜென்ட் தன் லெட்டர்பேடில் அடித்துத் தரும் வவுச்சரை நம்பி முழுப் பணத்தையும் கட்டிவிடாதீர்கள். கப்பல் கம்பெனி உங்கள் பெயரில் தரும் புக்கிங் கன்ஃபர்மேஷன் என்று ஒன்று உண்டு. எந்த வகை அறை, கப்பல் கட்டணம் எவ்வளவு, துறைமுகக் கட்டணமும் வரியும் எவ்வளவு, டிப்ஸ் முன்கூட்டியே கட்டியாயிற்றா, கடைசித் தவணை என்றைக்கு என்று அதில் வரிவரியாக இருக்கும். அது கைக்கு வந்த பிறகுதான் மீதிப் பணம் போக வேண்டும். எங்களை ஏமாற்றியவர்கள் அந்த ஒரு தாளைக் கண்ணில் காட்டாமலே காரியத்தை முடித்தார்கள்.

நான், கணவர், மாமியார், ஆறாவது படிக்கும் மகள் என்று நாங்கள் நான்கு பேர். திருச்சியிலிருந்து விமானம், சிங்கப்பூரில் ஹோட்டல், நான்கு இரவு கப்பல், பால்கனி வைத்த அறை, டிப்ஸ், துறைமுகக் கட்டணம், பினாங்கில் ஊர் சுற்றிப் பார்ப்பது, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்துத் தலைக்கு 95,000 ரூபாய் என்றார்கள். ஜிஎஸ்டியும், ஏஜென்ட் பிடிக்கும் டிசிஎஸ் வரியும் தனி. “கப்பல் ஏறினப்புறம் நீங்க பர்ஸைத் திறக்கவே வேணாம் மேடம்” என்று அந்த அலுவலகத்தில் இருந்தவர் சொன்னார். அத்தைக்கு முழங்கால் வலி. அவ்வளவு பெரிய கப்பலில் டெக்குக்கும் அறைக்கும் நடந்துகொண்டே இருக்க அவரால் முடியாது. அறையிலேயே உட்கார்ந்து கடலைப் பார்க்கட்டும் என்றுதான் பால்கனி கேட்டோம். காரணத்தையும் சொல்லி வாட்ஸ்அப்பில் எழுதியும் அனுப்பியிருந்தோம்.

கன்ஃபர்மேஷன் கேட்டபோதெல்லாம் “குரூப் புக்கிங் மேடம், பேரு ஏத்திட்டிருக்கோம்” என்றார்கள். பயணம் நெருங்கியபோது ஒரு நாள் போன் வந்தது. துறைமுகக் கட்டணம் ஏறிவிட்டதாம், தலைக்கு இன்னும் 8,000 ரூபாய் உடனே கட்ட வேண்டுமாம். துறைமுகக் கட்டணம்தான் ஏற்கெனவே சேர்ந்திருக்கிறதே என்றதற்கு, “அது பழைய ரேட்டு மேடம். இப்ப கேன்சல் பண்ணா ஒரு ரூபா கூட திரும்ப வராது” என்றார். அது பெரும்பாலும் உண்மை என்பதால்தான் அந்த நேரம் பார்த்துக் கேட்கிறார்கள். கப்பல் டிக்கெட்டில் நாள் நெருங்க நெருங்கப் பிடித்தம் கூடிக்கொண்டே போய், கடைசி நாட்களில் கப்பல் கட்டணம் முழுவதும் போய்விடும். நிஜமாகவே கட்டணம் ஏறியிருந்தால் கப்பல் கம்பெனியின் திருத்திய இன்வாய்ஸ் இருக்கும். அதைக் கேளுங்கள். எங்களுக்கு அது வரவே இல்லை, பணம் மட்டும் போனது.

சிங்கப்பூரில் போய்ச் சேர்ந்ததும் அடுத்தது. அங்கே க்ரூஸ் கப்பல்கள் புறப்படும் இடங்கள் இரண்டு: ஒன்று மரீனா பே, மற்றது ஹார்பர்ஃப்ரன்ட். எங்கள் வவுச்சரில் ‘சிங்கப்பூர் துறைமுகம்’ என்று மொட்டையாக எழுதியிருந்தது. ஏஜென்ட் ஏற்பாடு செய்த வண்டி ஹார்பர்ஃப்ரன்டில் இறக்கிவிட்டுப் போய்விட்டது. எங்கள் கப்பலோ மரீனா பேயில் நின்றது. புறப்படும் நேரத்துக்கு ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் முன்பே ஏறுவதை நிறுத்திவிடுவார்கள். சக்கர நாற்காலி, பெட்டிகளோடு டாக்ஸி பிடித்து ஓடியதை இப்போது நினைத்தாலும் அத்தையைப் பார்த்து மனசு பதறுகிறது. மரீனா பே முனையத்துக்கு மரீனா சவுத் பியர் எம்ஆர்டி நிலையம்தான் பக்கம். பெட்டி குறைவாக இருந்தால் ரயிலிலேயே போய்விடலாம், வண்டிக்குத் தனியாகக் கொடுக்க வேண்டியதில்லை.

அறைக் கதவைத் திறந்தால் ஜன்னலே இல்லை. இரண்டு பேர் படுக்கும் கட்டில், மேலே கூரையிலிருந்து இறக்கும் இரண்டு தொட்டில் படுக்கை, நான்கு பேரின் பெட்டி வைக்க இடமில்லை. விருந்தினர் கவுன்டரில் கேட்டோம். எங்கள் பெயரில் பதிவாகியிருப்பது உள்ளறை, அதுவும் ‘கேரன்டி’ வகை என்று திரையைத் திருப்பிக் காட்டினார்கள். கப்பல் நிறைந்திருந்ததால் மாற்றித் தர வேறு அறையும் இல்லை. அங்கே வேலை செய்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். எங்களிடம் பால்கனிக்குப் பணம் வாங்கியவர் ஊரில் இருந்தார்.

இந்த ‘கேரன்டி’ என்பதை விளக்கிவிடுகிறேன், ஏனென்றால் கேட்டால் நல்லதாகத் தோன்றும். ஏதோ ஓர் அறை நிச்சயம் கிடைக்கும், எந்த அறை, எந்தத் தளம் என்பதைக் கப்பல்காரர்கள் தீர்மானிப்பார்கள், அவ்வளவுதான் பொருள். அதனால் விலை குறைவு. தெரிந்து வாங்கினால் மோசமில்லை. கப்பல் ஆட்டத்துக்குத் தலைசுற்றும் என்று பயப்படுகிறவர்களுக்கு மட்டும் இது ஆகாது. கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் ஆட்டம் குறைவு. முன்முனையிலும் மேல்தளத்திலும் அதிகம். எங்களுக்கு விழுந்தது முன்முனை. அத்தை முதல் ராத்திரி முழுக்க வாந்தி எடுத்தார். பால்கனி எடுப்பவர்களும் அறை எண்ணை வாங்கி, கப்பல் கம்பெனியின் தள வரைபடத்தில் பாருங்கள். சில பால்கனிகளுக்கு முன்னால் உயிர்காப்புப் படகு தொங்கும். கடல் தெரியாத அந்த அறைகள் மலிவாகத்தான் விற்பனைக்கு வரும். ஏஜென்ட் அதை முழு விலைக்கு விற்றாரா என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

இன்னொரு கொள்ளை, ஊருக்கு வந்த பிறகு தெரிந்தது. ஒரே அறையில் தங்கும் மூன்றாவது, நான்காவது ஆளுக்குக் கப்பல் கட்டணம் பெரும்பாலும் முதல் இருவரைவிடக் குறைவு. சில சீசனில் மிகவும் குறைவு. துறைமுகக் கட்டணமும் டிப்ஸும்தான் எல்லோருக்கும் ஒன்றுபோல் வரும். எங்களுக்கோ நான்கு பேருக்கும் ஒரே தொகை போட்டிருந்தார்கள். ‘தலைக்கு இவ்வளவு’ என்று யாராவது சொன்னால், நான்கு பேருக்கும் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள்.

டிப்ஸ் விஷயத்தில் நிறையப் பேர் மாட்டுகிறார்கள். பெரிய கப்பல்களில் தலைக்கு, இரவுக்கு இவ்வளவு என்று தானாகவே கணக்கில் ஏறும். குழந்தைக்கும் உண்டு. 18 அமெரிக்க டாலர் என்று வைத்துக்கொண்டால்கூட நான்கு பேர், நான்கு இரவுக்கு 288 டாலர், கிட்டத்தட்ட 25,000 ரூபாய். எங்கள் பேக்கேஜில் அது சேர்ந்திருக்கிறது என்று எழுத்திலேயே இருந்தது. கடைசி நாள் காலையில் பில்லைப் பார்த்தால் முழுவதும் எங்கள் தலையில். இது ஏஜென்ட் வேலை என்பதற்காக அறையைச் சுத்தம் செய்து, எங்கள் அத்தைக்கு ராத்திரியில் வெந்நீர் கொண்டுவந்து தந்தவர்களின் பங்கை நீக்கச் சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. கட்டினோம்.

பட்ஜெட் போடும்போது டிக்கெட்டுக்கு வெளியே என்னென்ன வரும் என்றும் சொல்கிறேன். பஃபே சாப்பாடு, பெரிய உணவுக்கூடச் சாப்பாடு டிக்கெட்டில் சேர்ந்தது. சிங்கப்பூர் கப்பல்களில் சோறு, சப்பாத்தி, பருப்பு, சைவக் கறி தாராளமாகக் கிடைக்கும். தனிப்பெயர் வைத்த உணவகங்கள், ஜூஸ், குளிர்பானம், பாட்டில் தண்ணீர், வைஃபை எல்லாம் காசு. குழாய்த் தண்ணீரே குடிக்கலாம், காலி பாட்டில் கொண்டுபோங்கள். கப்பல் கணக்குக்கு டெபிட் கார்டைக் கொடுக்காதீர்கள். செலவு செய்வதற்கு முன்பே ஒரு தொகையை நிறுத்தி வைப்பார்கள், அது திரும்ப வரப் பல நாள் ஆகும். கிரெடிட் கார்டில் அந்நியச் செலாவணிக் கட்டணம் 3.5 சதவீதம் வரைக்கும் போகும், அதன் மேல் ஜிஎஸ்டி. அந்தக் கட்டணம் குறைந்த கார்டைப் பார்த்து எடுத்துப் போங்கள். கரை மறைந்ததும் போனை ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். கடல் நடுவில் கப்பலின் சாட்டிலைட் நெட்வொர்க் பிடித்துக்கொள்ளும், சாதாரண ரோமிங் பேக் அதற்குப் பெரும்பாலும் செல்லாது. எங்களோடு சாப்பாட்டு மேசையில் இருந்த ஒரு குடும்பம் கொண்டுவந்த மின்சாரக் குக்கரைப் பாதுகாப்புச் சோதனையில் எடுத்து வைத்துக்கொண்டார்கள். இஸ்திரிப்பெட்டி, கெட்டில், குக்கர் எதற்கும் அனுமதி கிடையாது.

அத்தைக்கு மறுநாளும் வாந்தி நிற்காததால் கப்பல் மருத்துவரிடம் போனோம். டாக்டர் பார்ப்பதற்கே நூறு டாலருக்கு மேல். இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று ஏஜென்டைக் கூப்பிட்டால் போனை எடுக்கவில்லை. பாலிசி எண்ணே எங்களிடம் இல்லை, அப்படி ஒன்று போடப்பட்டதா என்பதற்கு இன்றுவரை பதில் இல்லை. வயதானவர்களை அழைத்துப் போகிறவர்கள் பாலிசியை நீங்களே நேரடியாக எடுங்கள். கப்பல் பயணத்துக்கும், ஏற்கெனவே இருக்கும் வியாதிக்கும் அது செல்லுமா என்று பாருங்கள். வாந்தி மாத்திரையை உங்கள் டாக்டரிடம் கேட்டு ஊரிலிருந்தே வாங்கிப் போங்கள்.

பினாங்கு டூர் என்று பேக்கேஜில் இருந்தது, ஒரு வேன். அது எங்களை ஒரு சாக்லேட் கடைக்கும் காபித் தூள் கடைக்கும் கூட்டிப்போய், அரை நாளைத் தின்றுவிட்டது. கப்பல் நிற்கும் ஸ்வெட்டன்ஹாம் பியர், பினாங்கின் பழைய நகரமான ஜார்ஜ் டவுனிலேயே இருக்கிறது என்பதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. வெளியே வந்தால் மணிக்கூண்டு, அதையடுத்து கார்ன்வாலிஸ் கோட்டை. இன்னும் கொஞ்சம் நடந்தால் லிட்டில் இந்தியா. தமிழ்ப் பெயர்ப் பலகை, பூக்கடை, 1833-இல் கட்டிய குயின் ஸ்ட்ரீட் மகா மாரியம்மன் கோயில். இந்தப் பழைய நகரம் 2008 முதல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது. நகருக்குள் இலவசப் பேருந்தும் ஓடுகிறது. இதற்கெல்லாம் டூர் எதற்கு? வேனை அனுப்பிவிட்டு மிச்ச நேரத்தில் அத்தையை மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போனோம். அந்தப் பயணத்தில் அவர் சிரித்த இடம் அதுதான்.

எல்லா ஊரும் பினாங்கு மாதிரி இல்லை. கோலாலம்பூர் என்று போட்டிருந்தால் கப்பல் நிற்பது போர்ட் கிளாங், அங்கிருந்து நகரத்துக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் சாலைப் பயணம். புக்கெட்டில் கப்பல் நடுக்கடலில் நின்று, சிறு படகில் கரைக்குப் போக வேண்டியிருக்கலாம். முழங்கால் வலிக்காரர்களுக்கு அது சிரமம். அங்கே கடிகாரம் சிங்கப்பூரைவிட ஒரு மணி நேரம் பின்னால் ஓடும். திரும்பி ஏற வேண்டிய நேரம் கப்பல் நேரப்படியா, ஊர் நேரப்படியா என்று இறங்கும் முன் கேளுங்கள். கப்பலே நடத்தும் டூரில் போய்த் தாமதமானால் காத்திருப்பார்கள். வெளி ஆளோடு போனவர்களுக்குக் காத்திருக்க மாட்டார்கள்.

சில்லறைத் திருட்டும் இருக்கிறது. நாட்டுக்குள் நுழையும் முன் நிரப்ப வேண்டிய சிங்கப்பூர் அரைவல் கார்டுக்கு ‘அரசுக் கட்டணம்’ என்று தலைக்கு 500 ரூபாய் வாங்கினார்கள். அது அரசு இணையதளத்தில் இலவசம். வந்து சேர்வதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நாமே நிரப்பலாம், கப்பலில் சிங்கப்பூர் திரும்பும்போது மறுபடி நிரப்ப வேண்டும். மலேசியா, தாய்லாந்து டிஜிட்டல் அரைவல் கார்டுகளும் இலவசம்தான். சிங்கப்பூர் விசாவில் மல்டிபிள் (பல முறை நுழையலாம்) என்று இருக்கிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். கப்பல் ஏறினாலே சிங்கப்பூரை விட்டு வெளியேறியதாகக் கணக்கு.

எனக்கு அதிகக் கோபம் வந்தது டிசிஎஸ்ஸில். வெளிநாட்டுப் பேக்கேஜுக்கு ஏஜென்ட் நம்மிடம் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டிய வரி அது. நாங்கள் போனபோது 5 சதவீதம், எங்களுக்கு ஏறக்குறைய 20,000 ரூபாய். அது செலவு அல்ல, நம் பான் கணக்கில் ஏறும், வருமான வரி தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம், ரீஃபண்டும் வாங்கலாம். வருமான வரி இணையதளத்தில், நம் பெயரில் கட்டிய வரியைக் காட்டும் படிவம் 26ஏஎஸ் எடுத்துப் பார்த்தால் எங்கள் பெயரில் ஒரு பைசா ஏறவில்லை. எங்களிடம் அரசு வரி என்று வாங்கியதை அவர்களே வைத்துக்கொண்டார்கள். ஆடிட்டர் மூலம் நோட்டீஸ் போன பிறகுதான் கட்டினார்கள்.

மற்றதற்கு அசைந்து கொடுக்கவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்தோம். “ரூம் கப்பல்காரன் குடுக்கிறது, நாங்க என்ன செய்ய” என்று பதில் அனுப்பினார்கள். நாங்கள் கப்பல் கம்பெனிக்கே புக்கிங் எண்ணைப் போட்டு மின்னஞ்சல் எழுதினோம். பதிவு செய்தபோதே உள்ளறைதான் கேட்கப்பட்டது, டிப்ஸ் முன்பணம் கட்டப்படவில்லை என்று பதில் வந்தது. அந்த மின்னஞ்சல், வாட்ஸ்அப் உரையாடல், பணம் அனுப்பிய ரசீது மூன்றையும் வைத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டிருக்கிறோம். 2019 சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

இதே மாதிரி பேக்கேஜில் போய்வந்தவர்கள் இன்றைக்கே உங்கள் 26ஏஎஸ்-ஐத் திறந்து டிசிஎஸ் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏஜென்டோடு பேசிய வாட்ஸ்அப்பை அழிக்காமல் எக்ஸ்போர்ட் செய்து வையுங்கள். எங்களுக்கு வந்த ‘திருத்திய துறைமுகக் கட்டணம்’ என்ற செய்தியை அனுப்பியவர் மறுநாளே அழித்துவிட்டார். ஸ்க்ரீன்ஷாட் இருந்ததால்தான் அது இப்போது வழக்கில் இருக்கிறது.