நன்றாகத் துவைக்கிறது, ஆனாலும் வாங்காதே என்றேன்

போன வாரம் ஒசூரிலிருந்து அக்கா மகன் போன் செய்தான். "மாமா, உங்க வீட்ல இருக்கிற வாஷிங் மெஷின் மாதிரியே ஒன்னு, ஆறாயிரம் ரூபாய் குறைச்சுப் போட்டிருக்கான், வாங்கிடட்டுமா?" என்றான். ஆமாம், இல்லை என்று ஒரு வார்த்தையில் பதில் வேண்டும் அவனுக்கு. என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை. ராத்திரி கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டு, அவனுக்குச் சொல்ல வேண்டியதை எல்லாம் யோசித்தபோது இவ்வளவு நீண்டுவிட்டது. எத்தனை கிலோ, எத்தனை ஸ்டார் என்பதெல்லாம் கடைப் பலகையிலேயே இருக்கும், அதை நான் சொல்லப் போவதில்லை. நான் சொல்ல வேண்டியது சத்தத்தைப் பற்றி.

2017-இல் வாங்கிய ஃபிரண்ட் லோட் மெஷின். பெல்ட் போட்டது, நிமிடத்துக்கு 1200 சுற்று வரை ஸ்பின் ஆகும். முதல் நான்கு வருடம் பெங்களூரு ஈஜிபுராவில் இருந்தோம், அது இருக்கிற இடமே தெரியாது. ஒரே ஒரு தடவை தண்ணீரை வெளியேற்றும் நேரத்தில் மட்டும் கடகடவென்று ஏதோ உருண்டது. கீழே சின்ன மூடி இருக்குமே, டிரெயின் பம்ப் ஃபில்டர், அதைத் திறந்தால் ஒரு ஐந்து ரூபாய் நாணயமும் ஊக்கும் இருந்தன. எடுத்ததும் சத்தம் போய்விட்டது. அன்றைக்கு ஒரு விஷயம் புரிந்தது: மெஷினில் சத்தம் வந்தால் எப்படி வருகிறது என்பதைவிட எப்போது வருகிறது என்பதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். தண்ணீர் வெளியேறும்போது மட்டும் என்றால் பம்ப். டிரம் மெதுவாகச் சுற்றும்போது உள்ளே கிணுகிணு என்றால் சட்டைப் பொத்தானோ, நாணயமோ, உள்ளாடைக் கம்பியோ டிரம்முக்கும் அதைச் சுற்றித் தண்ணீர் நிற்கும் வெளி டப்புக்கும் நடுவில் மாட்டியிருக்கும். ஸ்பின் வேகம் பிடிக்கிற நேரத்தில் மட்டும் தடதடவென்று மொத்த மெஷினும் ஆடினால், கால்மட்டம் சரியில்லை, அல்லது ஷாக் அப்சார்பர் தளர்ந்திருக்கிறது, அல்லது ஒரே ஒரு கனமான போர்வையைத் தனியாகப் போட்டிருக்கிறீர்கள்.

கால்மட்டத்தின் கதை 2021-இல் முருகேஷ்பாளையாவுக்கு வீடு மாறியபோது வந்தது. புது மெஷினின் பின்பக்கம் டப் ஆடாமல் பிடித்துக்கொள்ள நீளமான டிரான்சிட் போல்ட் போட்டு அனுப்புவார்கள். வீட்டில் வைத்ததும் அதைக் கழற்ற வேண்டும், மறுபடி வீடு மாறும்போது திரும்பப் போட வேண்டும். கழற்றியதை நான் பத்திரமாக எடுத்து வைத்திருந்தேன், ஆனால் சாமான் ஏற்ற வந்தவர்கள் அதைப் போடாமலே மெஷினைச் சாய்த்து ஏற்றிவிட்டார்கள். அந்த டப் மேலே ஸ்பிரிங்கிலும் கீழே ஷாக் அப்சார்பரிலும் தொங்குகிற பொருள், அதில் கனத்துக்காகக் கான்கிரீட் கட்டி வேறு இருக்கிறது. வண்டியில் அது எத்தனை இடி இடித்திருக்குமோ. புது வீட்டில் முதல் ஸ்பின்னிலேயே மெஷின் ஓர் அடி முன்னால் நகர்ந்து வந்துவிட்டது. ஒரு ஷாக் அப்சார்பர் போயிருந்தது, இரண்டையும் சேர்த்து மாற்றினோம். அப்புறம் கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டத்தை வாங்கி வந்து, நான்கு காலையும் திருகி மட்டம் பார்த்து, காலுக்கு மேலே இருக்கும் பூட்டு நட்டை இறுக்கினேன். அந்த நட்டை இறுக்காமல் விட்டால் நாலே ஸ்பின்னில் மட்டம் மாறிவிடும். அதிர்வைக் குறைக்கும் என்று விற்கிற ரப்பர் குமிழ்களை வாங்க நினைப்பவர்கள் முதலில் இதைச் செய்து பாருங்கள்.

இதெல்லாம் சின்ன விஷயம். பெரிய சத்தம் 2023 கடைசியில் ஆரம்பித்தது.

முருகேஷ்பாளையாவில் இருப்பவர்களுக்குத் தெரியும், பக்கத்திலேயே எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலையும் பழைய விமான நிலையமும் இருக்கின்றன. பயணிகள் விமானம் 2008-லேயே தேவனஹள்ளிக்குப் போய்விட்டாலும், இங்கே பகலில் போர் விமானச் சோதனை நடக்கும், ஜன்னல் கண்ணாடி அதிரும். மெஷின் ஸ்பின்னுக்குப் போகும்போது வந்த சத்தம் அச்சு அசலாக அதுதான். ஊஊவென்று அடித்தொண்டையில் தொடங்கி, வேகம் ஏற ஏறச் சத்தமும் ஏறி, கடைசி நிமிடத்தில் பக்கத்தில் நின்று பேச முடியாது. முதலில் கண்டுபிடித்தது அம்மாதான். "இது மேல போற சத்தம் இல்லப்பா, நம்ம பாத்ரூம்ல இருந்து வருது" என்றார். கேட்டேன், ஆனால் துணி நன்றாகத்தானே வெளுக்கிறது என்று விட்டுவிட்டேன். அந்த ஒரு வருடத்தைத்தான் இப்போதும் நினைத்து வருந்துகிறேன். கீழே இருக்கும் வீட்டு ஓனர் இரண்டு தடவை மேலே வந்து விசாரித்தார். மரியாதையான மனிதர், கோபப்படவில்லை, அதனாலேயே எனக்கு இன்னும் சங்கடமாக இருந்தது. காலை பத்து மணிக்கு முன்னால் மெஷின் போடுவதையே நிறுத்தினோம்.

இந்தச் சத்தத்துக்கு யாரையும் கூப்பிடாமலே ஒரு சோதனை செய்யலாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, காலி டிரம்மைக் கையால் சுற்றிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு சுற்றினால் நல்லது. மணலை அரைப்பது போல நறநறவென்று வந்தால், டிரம்மின் தண்டைத் தாங்கிச் சுற்றவிடும் பேரிங் போய்விட்டது. அடுத்து டிரம்மின் வாய் விளிம்பைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். வெளி டப்பும் சேர்ந்து ஆடினால் பரவாயில்லை, அது ஸ்பிரிங்கில் தொங்குவதுதான். டிரம் மட்டும் தனியாக டக் டக் என்று ஆடினால் தேய்மானம் முற்றிவிட்டது. பெல்ட் வைத்த மெஷின் என்றால் பின்மூடியைத் திறந்து பெல்ட்டை இறக்கிவிட்டு மோட்டாரைத் தனியாக, டிரம்மைத் தனியாகச் சுற்றலாம், எதில் கோளாறு என்று தெளிவாகத் தெரிந்துவிடும். எங்களுடையதில் மோட்டார் சத்தமே இல்லாமல் சுற்றியது. டிரம்மின் பின்னால் பெல்ட் ஓடுகிற சக்கரத்துக்கு, அதாவது புல்லிக்குப் பின்னால் துருத் தண்ணீர் வழிந்த பழுப்புக் கோடு இருந்தது.

அந்தக் கோட்டின் அர்த்தம் இதுதான்: டப்புக்குள் இருக்கும் தண்ணீர் பேரிங்குக்குப் போகாமல் ஓர் ஆயில் சீல் தடுக்கிறது. அந்த ரப்பர் உதடு தேய்ந்ததும் சோப்புத் தண்ணீர் உள்ளே போய் கிரீஸைக் கழுவிவிடும். கிரீஸ் இல்லாத பேரிங் துருப்பிடிக்கும், அவ்வளவுதான். எங்கள் வீட்டுத் தரையடித் தொட்டியில் காவிரித் தண்ணீர், போர்வெல் தண்ணீர், டேங்கர் தண்ணீர் எல்லாம் கலந்துதான் விழுகிறது. வெந்நீர் வைக்கிற பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிற உப்பு அந்தச் சீலின் ஓரத்திலும் படியாமல் இருக்குமா? எல்லாப் பழியையும் மெஷின் மேல் போட எனக்கு மனமில்லை.

ஆனால் கோபம் வந்தது அதற்கு அப்புறம். கம்பெனி சர்வீஸ் ஆள் வந்தார், கேட்டார், ஐந்து நிமிடத்தில் பேரிங் என்று சரியாகச் சொன்னார். சரி, மாற்றிக் கொடுங்கள் என்றேன். பேரிங் தனியாக வராதாம். முன்பாதியும் பின்பாதியும் சேர்த்து உருக்கி ஒட்டிய பிளாஸ்டிக் டப், அதைத் திறக்க முடியாது, டிரம்மோடு மொத்தமாக மாற்ற வேண்டும், கூலியோடு 13,800 ரூபாய். "இதுக்குப் புதுசே வாங்கிடலாம் சார்" என்று அவரே சொன்னார். மெஷின் நெற்றியில் மோட்டாருக்குப் பத்து வருட வாரண்டி என்று ஸ்டிக்கர் பளபளக்கிறது. மோட்டார் நன்றாகத்தான் இருக்கிறது! தேய்ந்தே தீரும் என்று எல்லோருக்கும் தெரிந்த ஒரு பாகத்தை, கையே போகாத இடத்தில் வைத்து ஒட்டுவது என்ன நியாயம்? பழுதுபார்க்கும் உரிமைக்காக மத்திய அரசு 2022-இல் குழு அமைத்தது, வலைவாசலும் திறந்தது, வீட்டு உபயோகப் பொருட்களும் அதில் சேர்த்திதான். அதெல்லாம் என் பாத்ரூம் வரை வந்து சேரவில்லை.

கடைசியில் அல்சூரில் கடை வைத்திருக்கும் ஒரு மெக்கானிக் கிடைத்தார், வாணியம்பாடிக்காரர். "டப்பை அறுக்கணும் சார், அறுத்தா கம்பெனிக்காரன் அப்புறம் தொட மாட்டான், சம்மதமா?" என்று முதலிலேயே கேட்டார். அந்த ஒரு கேள்விக்காகவே அவரை நம்பினேன். அறுப்பதற்கு முன்னால் ஒட்டு ஓரத்தில் சுற்றிலும் துளை போட்டுக்கொண்டார், பிறகு இரண்டு பாதியும் பிசகாமல் சேர வேண்டும் என்பதற்காக. அப்புறம் ஹேக்ஸா பிளேடால் பொறுமையாக அறுத்தார். உள்ளே பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பேரிங்கின் குண்டுகள் உதிர்ந்து கிடந்தன, வெளிவளையம் துருவில் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. அதைத் தட்டி எடுக்கவே இரண்டு மணி நேரம். டிரம்மின் முதுகில் மூன்று கை உள்ள அலுமினியத் தாங்கி இருக்கிறது, அதன் மேல் வெள்ளை வெள்ளையாக அரிப்பு. கத்தியால் சுரண்டிப் பார்த்து, இன்னும் பலம் இருக்கிறது என்றார். அது உடைந்திருந்தால் கதை அன்றே முடிந்திருக்கும்.

பேரிங் வாங்க நானே உதிரிபாகக் கடைகள் இருக்கும் எஸ்.ஜே.பி. ரோட்டுக்குப் போனேன். 6205 என்ற எண்ணில் ஒன்று, 6206 என்ற எண்ணில் ஒன்று. அந்த எண்ணின் கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கினால் தண்டின் விட்டம் மில்லிமீட்டரில் வந்துவிடும், 25, 30, என்று மெக்கானிக் சொல்லித் தந்தார், எனக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. பழைய ஆயில் சீலையும் கையோடு கொண்டுபோய் அளவு பார்த்து வாங்கினேன். மூன்றும் சேர்த்து 1,250 ரூபாய். கூலி 3,000. இரண்டு பாதிக்கும் நடுவில் சிலிகான் தடவி, திருகாணி போட்டு இறுக்கி, ஒரு நாள் காயவிட்டு மறுநாள் ஓட்டினோம்.

ஸ்பின் வந்தபோது நானும் அம்மாவும் பாத்ரூம் வாசலிலேயே நின்றோம். வேகம் ஏறியது. தண்ணீர் குழாய் வழியாகச் சலசலவென்று போகிற ஓசை கேட்டது, அதை நாங்கள் கேட்டு ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். இது நடந்தது 2025 ஜனவரியில். எட்டு மாதமாக ஒரு சொட்டு ஒழுகவில்லை. இப்போது சோப்புத் தூளை அளந்துதான் போடுகிறேன், துவைத்து முடித்ததும் கதவைத் திறந்து வைக்கிறேன், மாதம் ஒரு தடவை காலி டிரம்மில் வெந்நீர் ஓட்டுகிறேன்.

நல்லதையும் சொல்லியாக வேண்டும். எட்டு வருடத்தில் ஒரு துணி கிழிந்ததில்லை. அப்பாவின் வேட்டிக் கரை முதல் நாள் மாதிரி இருக்கிறது. 2024 மார்ச்சில் எங்கள் தெருவின் போர்வெல் எல்லாம் வற்றி, குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்திருந்த நாட்களில், பக்கத்து வீட்டு டாப் லோட் மெஷின் மூடியே கிடந்தது. எங்கள் மெஷின் குறைந்த தண்ணீரில் ஐந்து பேர் துணியையும் துவைத்துத் தந்தது, கத்திக்கொண்டேதான், ஆனாலும் தந்தது. அந்த நன்றி எனக்கு இருக்கிறது.

ராத்திரி அக்கா மகனைக் கூப்பிட்டு வாங்காதே என்றுதான் சொன்னேன். "இவ்வளவு நல்லா துவைக்குதுன்னு சொல்றீங்களே மாமா" என்றான். துவைக்கும், ஆனால் பேரிங் போகிற அன்றைக்கு உனக்கு அந்த வாணியம்பாடிக்காரர் கிடைப்பாரா என்று கேட்டேன். எந்த மெஷின் பார்த்தாலும் டப் போல்ட் போட்டதா, ஒட்டியதா என்று கடையில் கேள் என்றேன். மறுநாள் கேட்டிருக்கிறான், விற்பவருக்கே தெரியவில்லையாம். சனிக்கிழமை நானே ஒசூர் போகிறேன், டார்ச்சும் ஒரு ஸ்டார் ஸ்குரூ டிரைவரும் பையில் எடுத்து வைத்தாயிற்று, பின்மூடியைத் திறந்து காட்டினால்தான் பணம் கட்டுவோம் என்று கடைக்காரரிடம் அவனை முன்கூட்டியே சொல்லி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.