டர்பனில் காசு கொடுத்து ‘கரியர் கோச்சிங்’: எது தேறியது, எது தேறவில்லை

முதலில் விலை. வேலையில் மேலே போக வழி சொல்லும் இந்தக் கோச்சிங் ஆறு அமர்வு, 5,400 தென்னாப்பிரிக்க ராண்ட், மொத்தமும் முன்கூட்டியே கட்டவேண்டும், தவணைப் பேச்சே கிடையாது. உம்லங்கா பக்கம் ஒரு ஆபீஸ் பார்க், கண்ணாடிச் சுவர், காபி நன்றாக இருந்தது. பெயரைச் சொல்லப்போவதில்லை. இதே சரக்கை டர்பனிலும் ஜோஹன்னஸ்பர்க்கிலும் விற்கிறவர்கள் நிறையப் பேர், நம் ஆட்களின் வாட்ஸப் குரூப்பில் யாராவது ஒருவர் ‘போகலாமா?’ என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், அவர்களுக்காக எழுதுகிறேன்.

நான் ஊரில் பி.காம். முடித்துவிட்டு வந்தவள். இங்கே துறைமுகத்தை நம்பி, வரும் சரக்கைச் சுங்கத்திலிருந்து விடுவித்துக் கொடுத்துப் பிழைக்கும் ஒரு கிளியரிங் கம்பெனியில் இன்வாய்ஸ் தட்டும் வேலை. சரக்கு விவரத்தைச் சுங்கத்தில் பதிகிற ‘கஸ்டம்ஸ் என்ட்ரி’ போடும் இடத்துக்கு நகர வேண்டும் என்பது ஆசை. ஒவ்வொரு அப்ரைசலிலும் மேனேஜர் ‘பார்க்கலாம்’ என்பார், நானும் சரி என்று எழுந்து வந்துவிடுவேன். சரி, வெளியே யாரிடமாவது கேட்போம் என்றுதான் போனேன்.

முதல் அமர்வு பர்சனாலிட்டி டெஸ்ட். கணினியில் நூற்றுக்கும் மேல் கேள்விகள், முடிவில் நாலு நிறத்தில் ஒரு வட்டம், நான் நீலமும் பச்சையும் கலந்த ஆளாம். கணக்கு எழுதுகிறவளிடம் ‘உங்களுக்கு ஒழுங்கு பிடிக்கும்’ என்று சொல்ல 900 ராண்ட் வாங்குவது கொஞ்சம் அதிகம். இரண்டாவதில் சி.வி.யை மாற்றி எழுதிக் கொடுத்தார்கள். பார்க்க அழகாக இருந்தது, ஆனால் அதில் இருந்த பெண்மணி யார் என்று எனக்கே தெரியவில்லை: ‘உந்துதல் மிக்க, முடிவுகளை நோக்கிய தொழில்முறையாளர்’. எந்த வகைச் சரக்குக்கு எத்தனை ஃபைல் பார்த்தேன், எந்த சாஃப்ட்வேரில் வேலை செய்கிறேன் என்று நான் எழுதியிருந்த வரிகள் காணாமல் போயிருந்தன. அவற்றைத் திரும்பச் சேர்த்துவிட்டு, அந்த உந்துதலை எடுத்துவிட்டேன். லிங்க்ட்இன் அமர்வைப் பற்றிச் சொல்ல எதுவுமில்லை. தினமும் காலையில் வாட்ஸப்பில் சூரியோதயப் படத்தோடு ஊக்க வாசகம் வேறு வரும், மியூட் போட்டுவிட்டேன்.

தேறியவை இரண்டு. ஒன்று, நாலாவது அமர்வில் கொடுத்த வீட்டுப்பாடம். நீங்கள் போக நினைக்கும் வேலைக்கான விளம்பரங்கள் இருபதைச் சேகரியுங்கள், திரும்பத் திரும்ப வருகிற தகுதிகளை அடிக்கோடிடுங்கள், உங்களிடம் இல்லாததை மட்டும் தனித் தாளில் எழுதுங்கள், அவ்வளவுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போதும். என் தாளில் மிஞ்சியது மூன்றே வரி: டாரிஃப் வகைப்படுத்தல் (எந்தச் சரக்குக்கு எந்தச் சுங்க எண் என்று பார்ப்பது), கஸ்டம்ஸ் மதிப்பீடு, இன்கோடர்ம்ஸ் (எந்தச் செலவு விற்பவருக்கு, எது வாங்குபவருக்கு என்று சொல்லும் வணிக விதிகள்). அதுவரை ‘எனக்கு என்ன குறை’ என்று ஒரு மூட்டையாகத் தலையில் இருந்தது.

இன்னொன்று மாக் இண்டர்வியூ, அதாவது நேர்காணல் ஒத்திகை. எடுத்த அம்மா பல வருஷம் எச்.ஆர்.இல் இருந்தவர், சிரிக்கவே மாட்டார். ‘சி.ஐ.எஃப். விலையில் இன்வாய்ஸ் வந்தால் என்ன செய்வாய்?’ என்று நேரே கேட்டார். சி.ஐ.எஃப். என்றால் கப்பல் கூலியும் இன்ஷூரன்ஸும் சேர்ந்த விலை. இங்கே கஸ்டம்ஸ் மதிப்பு எஃப்.ஓ.பி. அடிப்படையில், அதாவது சரக்கைக் கப்பலில் ஏற்றும் வரையிலான விலை, ஆகவே கப்பல் கூலியையும் இன்ஷூரன்ஸையும் கழிக்கவேண்டும். அதோடு விடவில்லை. ஒரு லட்சம் ராண்ட் சரக்கு, 20 விழுக்காடு டியூட்டி (சுங்கத் தீர்வை), வாட் (மதிப்புக் கூட்டு வரி) எவ்வளவு என்றார். ஒரு லட்சத்துக்கு 15 விழுக்காடு என்று போடுகிறவர்கள்தான் அதிகம் என்றார் பிறகு. மதிப்போடு முதலில் பத்து விழுக்காடு கூட்டவேண்டும், அப்புறம் டியூட்டியையும் சேர்க்கவேண்டும், 1,30,000 ஆகும், அதில் 15 விழுக்காடு என்றால் 19,500. இந்த ஒரு மணி நேரத்துக்கு மட்டும் அவர்கள் கேட்ட காசைக் கொடுக்கலாம். தனியாக விற்கிறார்களா என்று கேட்டேன், இல்லையாம், பேக்கேஜாகத்தான்.

இனி என் பெரிய குறை. ஆறு அமர்விலும் ஒருவர்கூட, பயிற்சிக்கென்று கம்பெனிகள் கட்டும் ஸ்கில்ஸ் லெவியைப் பற்றி வாயே திறக்கவில்லை. தென்னாப்பிரிக்காவில் வேலை முன்னேற்றத்தைப் பற்றிப் பேச உட்கார்ந்துவிட்டு இதை விடுவது எப்படி என்று புரியவில்லை. எனக்குச் சொன்னவர் எங்கள் ஆபீஸ் பேரோல் ஆன்ட்டி, சாட்ஸ்வொர்த்காரர், டீ குடிக்கும் நேரத்தில் ஓசியில் சொன்னார்.

விஷயம் இதுதான். வருஷச் சம்பளப் பட்டியல் 5 லட்சம் ராண்டைத் தாண்டும் எந்தக் கம்பெனியும் அதில் 1 விழுக்காட்டை இந்த லெவியாக, சுருக்கமாக எஸ்.டி.எல். என்று, மாதாமாதம் வரித்துறையான சார்ஸுக்குக் கட்டியாகவேண்டும். 1999ஆம் வருஷச் சட்டம். அதில் ஐந்தில் ஒரு பங்கு தேசியத் திறன் நிதிக்குப் போகிறது, மீதி அந்தத் துறையின் பயிற்சியைக் கவனிக்கும் அமைப்பான சீட்டாவுக்கு. எங்களைப் போன்ற சரக்குப் போக்குவரத்து ஆட்களுக்கு டீட்டா என்ற சீட்டா. வேலை போனால் உதவும் நிதியான யு.ஐ.எஃப். உங்கள் சம்பளத்திலிருந்து கழிவதால் பேஸ்லிப்பில் கண்ணில் படும். எஸ்.டி.எல். முதலாளி கையிலிருந்து போகிறது, உங்கள் சம்பளத்தில் கை வைப்பதில்லை, ஆகவே அப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. கம்பெனி ஒவ்வொரு வருஷமும் ஏப்ரல் 30க்குள், யாருக்கு என்ன பயிற்சி தரப்போகிறோம் என்று ஒரு திட்டத்தைச் சீட்டாவுக்கு அனுப்பினால் கட்டியதில் ஒரு பகுதி திரும்பி வரும். அந்தத் திட்டத்தில் பெயர்கள் எப்படி ஏறுகின்றன என்று நினைக்கிறீர்கள்? கேட்டவர்கள் பெயர் ஏறுகிறது. கேட்காதவர்களுக்கு ‘பார்க்கலாம்’.

உங்கள் கம்பெனியில் இந்தத் திட்டத்தைத் தயாரிக்கும் ஸ்கில்ஸ் ஃபெசிலிடேட்டர் யார் என்று விசாரியுங்கள். எங்கள் ஆபீஸில் அது ஸ்டேஷனரி வாங்கித் தருகிற அதே ஆள்! ஜனவரி, பிப்ரவரியிலேயே எழுத்தில் கேளுங்கள், மேனேஜருக்கும் ஒரு நகல் போகட்டும். நான் அந்த மூன்று வரித் தாளைத்தான் அப்படியே மின்னஞ்சலில் வைத்தேன், கூடவே கோர்ஸின் பெயரும் விலையும். இந்த முறை மேனேஜரால் வெறும் ‘பார்க்கலாம்’ சொல்லமுடியவில்லை, எழுத்தில் பதில் சொல்ல வேண்டியிருந்தது. வேலையில் இருப்பவர்களும் லெர்னர்ஷிப்பில், அதாவது படிப்பும் வேலை அனுபவமும் சேர்ந்த பயிற்சியில், சேரலாம், அது வேலையில்லாப் பிள்ளைகளுக்கு மட்டும் என்பது தவறான எண்ணம். கம்பெனி காசில் படித்தால் இத்தனை காலம் வேலையை விடமாட்டேன் என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்குவார்கள், அதை வரி வரியாகப் படித்துவிட்டுப் போடுங்கள்.

சொந்தக் காசில் படிப்பதானால், கோர்ஸ் இந்த நாட்டுத் தகுதிப் படிநிலையான என்.கியூ.எஃப்.இல் பதிவானதா, எந்த லெவல் என்று, தகுதிகளைக் கவனிக்கும் அரசு அமைப்பான சாக்வாவின் தளத்தில் தேடிப் பாருங்கள். மெட்ரிக் (பள்ளி இறுதி) 4, டிகிரி 7, டாக்டரேட் 10. நம் ஊர் டிகிரியோடு வந்தவர்கள் அதைச் சாக்வாவில் மதிப்பிட்டு வாங்கி வைத்துக்கொள்வது நல்லது, பல இடங்களில் அது இல்லாமல் விண்ணப்பத்தைத் திறக்கவே மாட்டார்கள். உயர்கல்வித் துறை நடத்தும் கெத்தா என்ற தொழில் ஆலோசனைச் சேவை இலவசம். அங்கே காபி தரமாட்டார்கள், ஆனால் இந்த விவரங்களைக் கேட்டால் சொல்வார்கள்.

டாரிஃப் படிக்கக் காசே வேண்டாம். சார்ஸ் தளத்தில் சுங்க எண்களின் பட்டியலான ஷெட்யூல் 1 பார்ட் 1 முழுசாகக் கிடக்கிறது. நான் ராத்திரி சமையல் முடித்துவிட்டு வீட்டு அலமாரியையே பரீட்சை ஹாலாக்கிவிட்டேன். மிளகு முழுசாக வந்தால் 0904.11, அதையே பொடித்து அனுப்பினால் 0904.12, மஞ்சள் 0910.30. சாம்பார்பொடி என்றால் வம்பு, கலவையில் என்னென்ன இருக்கிறது என்று பார்க்காமல் ஒன்பதாம் அத்தியாயமா இருபத்தொன்றாம் அத்தியாயமா என்று சொல்லமுடியாது. வீட்டுக்காரர் டப்பாவைத் தொட்டாலே நம்பர் சொல்ல ஆரம்பித்துவிட்டேன், பாவம் மனுஷன்.

சரி, போகலாமா? எந்த வேலை வேண்டும் என்று ஏற்கெனவே தெரிந்தவர்கள் 5,400 ராண்ட் செலவழிக்க வேண்டாம், இருபது விளம்பரப் பாடத்தை நான் மேலே இலவசமாகவே கொடுத்துவிட்டேன். பல வருஷம் இண்டர்வியூ பக்கமே போகாதவர்கள், பேச்சு வராமல் திணறுகிறவர்கள் போகலாம், ஆனால் பணம் கட்டும் முன் மாக் இண்டர்வியூவை எடுப்பவர் உங்கள் துறை தெரிந்தவரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ‘வேலை வாங்கித் தருகிறோம்’ என்று யாராவது காசு கேட்டால் அங்கிருந்து எழுந்துவிடுங்கள், வேலை தேடுகிறவரிடம் அதற்குக் கட்டணம் வாங்க இந்த நாட்டுச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. ஐந்துக்கு இரண்டரை நட்சத்திரம், அதில் இரண்டு அந்தச் சிரிக்காத அம்மாவுக்கு. ஆறாவது அமர்வு முடிந்ததும் மாதம் 450 ராண்டுக்கு ‘தொடர் ஆதரவு’ வேண்டுமா என்று கேட்டார்கள், வேண்டாம் என்றேன், இன்னும் வாரம் ஒருமுறை போன் வருகிறது.