விளம்பரத்தையும் செய்தியையும் பிரித்துப் படிக்கச் சொல்லித்தரும் சேலம் ஞாயிறு வகுப்பு: போகலாமா?

சேலத்தில் ஒரு வாசகர் வட்டம் ஞாயிறு காலைகளில் ஒரு வகுப்பு நடத்துகிறது. நாளிதழில் வரும் விளம்பரமும் செய்தியும் நம்மை எந்த இடத்தில் தொட்டு எந்தப் பக்கம் சாய்க்கின்றன என்று வரி வரியாகப் பிரித்துப் பார்ப்பதுதான் பாடம். நான்கு ஞாயிறு, பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை, பெரியவர்களுக்கு 400 ரூபாய், மாணவர்களுக்கு 200. தாராளமாகப் போகலாம், வீட்டில் பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கிற பிள்ளை இருந்தால் கூட்டிக்கொண்டே போங்கள். விளம்பரப் பகுதி அருமை. செய்திப் பகுதி நன்றாக இருக்கிறது, ஆனால் ஓட்டமாக ஓடுகிறார்கள். செல்போன் பகுதி போதவே போதாது.

சொல்லித்தருபவர்கள் இரண்டு பேர். ஒருவர் நாளிதழ் டெஸ்க்கில் தலைப்பு போட்டுப் பல வருடம் பழகியவர், இன்னொருவர் ஜவுளிக்கடை, நகைக்கடைகளுக்கு விளம்பர வாசகம் எழுதியவர். எழுதிக் கொடுத்த கைகளே பிரித்தும் காட்டுவதால் பேச்சில் ஊகம் குறைவு, 'இந்த வரியை நாங்க ஏன் மேல போடுவோம்னா' என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். முதல் அரை மணி நேரம் கொஞ்சம் வரலாறு. 1937-ல் நியூயார்க்கில் தொடங்கப்பட்ட பிரச்சாரப் பகுப்பாய்வு அமைப்பு ஒன்று, பட்டம் கட்டுவது, மினுமினுப்பான பொதுச்சொல் வீசுவது, ஊரே வாங்குகிறது என்பது, பிரபலத்தின் வாயால் சொல்ல வைப்பது, ஒரு பக்கத்து உண்மைகளை மட்டும் அடுக்குவது உட்பட ஏழு உத்திகளை வரிசைப்படுத்தியது. இன்றைக்கும் பாடப்புத்தகங்கள் அந்த ஏழைத்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன. அதை மனப்பாடம் செய்ய வைக்காமல் நேராகக் காகிதத்துக்கு வந்தது எனக்குப் பிடித்தது.

ஆளுக்கொரு ஜெராக்ஸ் கொடுத்தார்கள், கூடவே மூன்று ஸ்கெட்ச் பேனா. மனைப்பிரிவு விளம்பரம் ஒன்று. பல விளம்பரங்களிலிருந்து வரிகளை எடுத்து அவர்களே தைத்தது, எந்த நிறுவனமும் அதில் இல்லை. 'ஏற்காடு அடிவாரத்தில் உங்கள் கனவு இல்லம்! புது பஸ் ஸ்டாண்டிலிருந்து 15 நிமிடம்! 90 சதவீத மனைகள் விற்றுத் தீர்ந்தன! முன்பதிவு செய்யும் முதல் 20 பேருக்குத் தங்க நாணயம்!' நாணயத்தின் தலையில் ஒரு குட்டி நட்சத்திரக் குறி. பின்னால் பனி மூடிய ஏரிப் படம். சரிபார்க்க முடிந்ததை நீலத்தில் கோடு போடணும், கேட்க நன்றாக இருப்பதை மட்டும் சிவப்பில், இல்லாததைப் பச்சையில் ஓரத்தில் எழுதணும்.

நீலத்தில் ஒன்றுமே தேறவில்லை. அடிவாரம் என்றால் எங்கிருந்து? அஸ்தம்பட்டி தாண்டி கோரிமேட்டில் நின்றாலே மலை கண்ணெதிரில் தெரியும், அங்கே மனை போட்டாலும் அடிவாரம் என்று சொல்லிக்கொள்ளலாம், யாரும் பொய் என்று சொல்ல முடியாது. படத்தில் இருக்கும் ஏரியோ மேலே இருக்கிறது, அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறினால்தான் அந்தக் குளிர். 15 நிமிடம் என்பது எந்த நேரத்தில், எந்த வண்டியில்? ஞாயிறு விடியற்காலை ஐந்து ரோடு மேம்பாலத்தில் காலியாகப் போனால் ஒரு கணக்கு, சாயங்காலம் ஆறு மணிக்குப் போனால் வேறு கணக்கு. கிலோமீட்டர் போட்டால் யாரும் அளந்துவிடலாம், நிமிடத்தை யாரால் அளக்க முடியும்? அப்புறம் அந்த 90 சதவீதம். மொத்தம் எத்தனை மனை என்று எங்கேயும் இல்லை. பத்தில் ஒன்பது போனாலும் 90தான், 300-ல் 270 போனாலும் 90தான். ஒரே வரி இரண்டு வேலை பார்க்கிறது. ஊரே வாங்கிவிட்டது என்று தைரியம் கொடுத்து, இன்னும் கொஞ்சம்தான் மிச்சம் என்று பதற வைக்கிறது.

பச்சைப் பேனாதான் எல்லோரையும் திணற வைத்தது. கண்ணுக்கு முன் இருப்பதைக் குறை சொல்ல எல்லோருக்கும் வருகிறது, இல்லாததைக் கண்டுபிடிக்க வருவதில்லை. என் பக்கத்தில் இருந்த பெரியவர் அரை மணி நேரம் காகிதத்தையே பார்த்துவிட்டு, "இதுல ரெரா நம்பரே காணமுங்களே" என்றார். அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு வகுப்பு நன்றாக விரிந்தது. ரெரா என்று சுருக்கமாகச் சொல்லப்படும் 2016-ன் ரியல் எஸ்டேட் சட்டப்படி, பதிவு செய்ய வேண்டிய மனைப்பிரிவு என்றால் விளம்பரத்திலேயே பதிவு எண்ணையும் ரியல் எஸ்டேட் ஆணையத்தின் இணையதள முகவரியையும் கண்ணில் படும்படி போட்டாக வேண்டும். 500 சதுர மீட்டருக்குள் அடங்கும் இடம், எட்டுக்கு மேற்படாத குடியிருப்புகள் போன்ற சிலவற்றுக்குத்தான் பதிவிலிருந்து விலக்கு. விளம்பரத்தில் சொன்ன பொய்யை நம்பிப் பணம் கட்டியவர் வட்டியோடு திரும்பக் கேட்கவும் அதே சட்டத்தில் வழி இருக்கிறது. எண் இருந்தால் ஆணையத்தின் தளத்தில் தட்டிப் பார்த்துவிடலாம். எண் இல்லாத விளம்பரத்தில் கனவு, இல்லம், குளிர்ச்சி என்று எத்தனை சொல் இருந்தாலும் நம் கையில் பிடிக்க ஒன்றுமில்லை.

நட்சத்திரக் குறிக்கு வந்தபோதுதான் எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. தலைப்பு முழுக்கத் தமிழ், நட்சத்திரத்துக்கான விளக்கம் அடியில் பொடி எழுத்தில் ஆங்கிலம். முழுத்தொகையும் 30 நாளில் கட்டினால்தான் நாணயமாம். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனில் கொண்டுவந்த வழிகாட்டு விதிகளில், வாக்குறுதி எந்த மொழியில் இருக்கிறதோ அதே மொழியில், அதே எழுத்து வடிவில்தான் நிபந்தனையும் இருக்க வேண்டும் என்று தெளிவாகவே இருக்கிறது. தவறான விளம்பரத்துக்கு முதல் தடவை 10 லட்சம் வரை, மறுபடி செய்தால் 50 லட்சம் வரை அபராதம் போட 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் கொடுக்கிறது. தமிழில் ஆசை காட்டி ஆங்கிலத்தில் நிபந்தனை சொல்வது, ஆங்கிலம் படிக்கத் தெரியாத என் அம்மா மாதிரி ஆட்களைக் குறிவைத்துச் செய்வது. இதைச் சின்ன விஷயம் என்று விட எனக்கு மனசில்லை. புகார் சொல்ல தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, அதை பலகையில் பெரிதாக எழுதிப் போட்டார்கள்.

நகை விளம்பரத்துக்குப் போனபோது வகுப்பில் இருந்தவர்களே ஆசிரியர்கள் ஆகிவிட்டார்கள். செவ்வாய்ப்பேட்டை பக்கம் கொலுசுப் பட்டறையில் வேலை பார்க்கும் ஒரு அக்கா எழுந்து, "சுத்த வெள்ளின்னு மட்டும் போட்டா அதுக்கு அர்த்தமே இல்லைங்க சார், டச் எவ்வளவுன்னு கேளுங்க" என்றார். டச் என்றால் வெள்ளியின் சுத்த அளவு. கொலுசு வாங்குகிறவர்கள் டிசைனைப் பார்க்கிறார்கள், எடையைப் பார்க்கிறார்கள், டச்சைக் கேட்பவர்கள் குறைவு, விளம்பரமும் அதைக் கேட்காத மாதிரியே எழுதப்படுகிறது என்று விளக்கினார். சேதாரம் இல்லை என்ற பலகையையும் அப்படியே பிரித்தார்கள். சேதாரத்தில் விட்டதைக் கூலியிலோ கல் விலையிலோ வாங்கிக்கொள்ள முடியும், அதனால் கடைசி பில் தொகையைத்தான் இரண்டு கடையில் ஒப்பிட வேண்டும். இதுவும் பொய் விளம்பரம் இல்லை என்பதைக் கவனியுங்கள். மெய்யான ஒன்றை மேலே தூக்கிப் பிடித்து இன்னொன்றைக் கீழே தள்ளுகிறார்கள், அவ்வளவுதான். 'இது பொய்யா?' என்று மட்டுமே கேட்டுப் பழகியவர்களுக்கு இது பிடிபடாது, இந்த வகுப்பின் பெரிய பலமே அந்தப் பழக்கத்தை மாற்றுவதுதான்.

இடைவேளையில் தட்டுவடை செட்டும் டீயும் கொடுத்தார்கள், காரம் நன்றாகவே இருந்தது.

மூன்றாவது ஞாயிறு செய்தி. ஆரம்பித்த இடம் பிரமாதம்: மேட்டூர் அணை நிலவரம். நீர்மட்டம் இத்தனை அடி, வரத்து இத்தனை கனஅடி, வெளியேற்றம் இத்தனை, இருப்பு இத்தனை டிஎம்சி. நம் மாவட்டத்தில் பிறந்த எல்லோரும் தினம் பார்த்து வளர்ந்த நாலு எண். இதைவிடச் சுத்தமான செய்தி கிடையாது என்று சொல்லிவிட்டு, அதே எண்களுக்கு வரும் தலைப்புகளைக் காட்டினார்கள். 'கிடுகிடு உயர்வு', 'மளமளவெனச் சரிவு', 'டெல்டா விவசாயிகள் கவலை'. எண் மாறவில்லை, நம் நெஞ்சு துடிப்பது மாறிவிடுகிறது. இன்னொன்றும் சொன்னார்கள். அணையின் முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டிஎம்சி. 60 அடி என்று படித்தால் பாதி அணை தண்ணீர் என்று மனசு கணக்குப் போடும். அணை கீழே குறுகி மேலே விரிவதால், 60 அடியில் இருப்பது கால்பங்குக்குச் சற்று மேல்தான். அடியை மட்டும் தலைப்பில் போட்டு டிஎம்சியை உள்ளே தள்ளினால் பொய்யே இல்லாமல் ஒரு தப்பான எண்ணம் உண்டாகிறது.

அடுத்தது வினைச்சொற்கள். ஒரு அதிகாரி ஒரே வாக்கியத்தைச் சொல்கிறார். 'தெரிவித்தார்' என்று போட்டால் ஒன்று, 'ஒப்புக்கொண்டார்' என்று போட்டால் ஒன்று, 'மழுப்பினார்' என்றால் தீர்ப்பே எழுதியாகிவிட்டது. 'கூறப்படுகிறது' என்று வந்தால் யார் கூறினார் என்று கேட்கச் சொன்னார்கள். இதில் எனக்கு உறைத்தது மரியாதை விகுதிதான். செல்போன் திருடியவன் 'சிக்கினான்', கோடிக்கணக்கில் மோசடி செய்தவர் 'கைதானார்'. இரண்டு பேரும் நீதிமன்றத்துக்கே இன்னும் போகவில்லை. ஏழைக்கு ஒரு விகுதி, பணக்காரருக்கு ஒரு விகுதி என்று தினம் படித்துப் படித்து நமக்கு அது உறுத்துவதே நின்றுவிட்டது.

பிறகு சேலம் - சென்னை சாலை. 277 கிலோமீட்டர், ஐந்து மாவட்டங்கள், 10,000 கோடி என்று 2018-ல் பேச்சு கிளம்பியபோது நாம் எல்லோரும் பார்த்ததுதான். அரசுத் தரப்பில் அது 'பசுமை வழிச்சாலை', நிலம் போகிறவர்கள் வாயில் 'எட்டு வழிச்சாலை'. நிலம் எடுப்பை உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரல் 8-ல் ரத்து செய்ததும், உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பர் 8-ல் திட்டம் மேலே செல்ல வழிவிட்டதும் எந்தப் பெயரோடு எந்தப் பத்திரிகையில் வந்தது என்று பார்த்தாலே உள்ளே என்ன இருக்கும் என்று பாதி தெரிந்துவிடும். இதற்கு ஒரு முழு ஞாயிறு கொடுத்திருக்க வேண்டும். இருபது நிமிடத்தில் முடித்துவிட்டார்கள், நிலம் கொடுக்க மறுத்த குடும்பத்துப் பெண் ஒருவர் பேச எழுந்தபோது நேரமாகிவிட்டது என்று உட்கார வைத்ததில் எனக்கு வருத்தம் உண்டு. செய்தி போலவே அச்சாகும் விளம்பரம், மூலையில் பொடியாக 'விளம்பரம்' என்று இருக்கிறதா என்று தேடுவது, தேர்தல் நேரத்தில் காசுக்கு வரும் செய்தி இவையும் இதே அவசரத்தில் போயின.

கடைசி ஞாயிறு செல்போன். இது பெரிய குறை. பிள்ளைகள் நாளிதழைத் தொடுவதே இல்லை, ரீல்ஸில்தான் எல்லாம் வாங்குகிறார்கள். காசு வாங்கிக்கொண்டு பேசுபவர் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று விளம்பரத் துறையின் சுயக்கட்டுப்பாட்டு அமைப்பு 2021-லேயே நெறிமுறை போட்டிருக்கிறது. 'இன்னும் 2 மட்டுமே உள்ளது' என்று போலியாக அவசரப்படுத்துவது, கேட்காத பொருளைக் கூடையில் சேர்ப்பது உள்பட 13 வகைத் தந்திரங்களை 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தடை செய்திருக்கிறது. இவை ஒவ்வொன்றுக்கும் போனிலேயே உதாரணம் எடுத்துக் காட்டலாம், ஆனால் ஒரு பட்டியலை வாசித்துவிட்டு நகர்ந்தார்கள்.

இன்னொரு மனத்தாங்கல். முடிவில் ஒரு கல்லூரிப் பையன், "அப்போ எல்லாமே காசு வாங்கிட்டுப் போடறதுதானுங்களே" என்றான், பாதி பேர் தலையாட்டினார்கள். அந்த இடத்தில் நின்று பதில் சொல்லியிருக்க வேண்டும். எல்லாம் பொய் என்று முடிவு கட்ட ஸ்கெட்ச் பேனாவும் வேண்டாம், வகுப்பும் வேண்டாம். போலியோ சொட்டு மருந்துக்கு நடிகர்கள் வந்து பேசியதும், பஸ் ஸ்டாண்டிலும் பள்ளிக்கூடத்திலும் திரும்பின பக்கமெல்லாம் அறிவிப்பு வைத்ததும் இதே உத்திகள்தான். அந்தப் பெரிய உழைப்பில் விளம்பரத்துக்கும் ஒரு பங்கு உண்டு, 2014 மார்ச்சில் இந்தியாவுக்குப் போலியோ இல்லை என்ற சான்று கிடைத்தது. உத்தி ஒன்றேதான், சொன்னதைச் சரிபார்க்க இடம் கொடுத்தார்களா என்பதில்தான் வித்தியாசம். அடுத்த அணிக்கு இதைப் பாடத்தில் சேர்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

போகிறவர்களுக்கு: கூடம் இரண்டாவது மாடி, லிஃப்ட் இல்லை, முட்டி வலி உள்ளவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். ஜெராக்ஸ் கறுப்பு வெள்ளை என்பதால் விளம்பரத்தின் மஞ்சள், சிவப்புப் பட்டை என்ன வேலை செய்கிறது என்பதே தெரிவதில்லை, வீட்டிலிருந்து அந்த வாரத்து நாளிதழை வண்ணத்தோடு எடுத்துப் போங்கள். சொந்தமாகக் கடை வைத்திருப்பவர்கள் தங்கள் நோட்டீஸையும் கொண்டு வரலாம், பெயரை மறைத்துவிட்டுத்தான் பலகையில் ஒட்டுகிறார்கள்.