முன் கண்ணாடி ரப்பர் மாற்றக் கொடுத்து 640 பவுண்டு போச்சு: பழைய எம்ஜிபி ஜிடி வைத்திருப்பவர்கள் படியுங்கள்

நேற்று சாயங்காலம் இன்னொரு மெக்கானிக் என் வண்டியின் முன் கண்ணாடியைக் கழற்றிக் காட்டினார். ராத்திரி முழுக்கத் தூக்கம் வரவில்லை. ஆறு வாரத்துக்கு முன்னால் இதே கண்ணாடிக்குப் புது ரப்பர் போட 640 பவுண்டு கொடுத்திருக்கிறேன். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். கடைசியில் என்னென்ன பார்க்க வேண்டும் என்றும் சொல்கிறேன்.

என்னுடையது 1972 எம்ஜிபி ஜிடி, கூரை மடங்காத பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார், இங்கிலாந்தில் ஆபிங்டன் ஆலையில் செய்தது. மேற்கூரை மடக்கும் எம்ஜிபியில் முன் கண்ணாடிக்கு அலுமினியச் சட்டம் உண்டு. ஜிடியில் அது கிடையாது. கண்ணாடியைப் பாடியோடு பிடித்திருப்பது சுற்றியுள்ள ரப்பர்தான். என் வண்டியில் அது காய்ந்து, கீழ் மூலைகளில் வெடித்துப்போயிருந்தது.

பழைய பிரிட்டிஷ் கார்களை மட்டும் பார்க்கும் சின்ன வொர்க்‌ஷாப் ஒன்றுக்குப் போனேன். அதன் முதலாளிக்கு அறுபது வயது இருக்கும். வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார், ரப்பரை நகத்தால் கீறிப் பார்த்தார். அப்புறம் இழுப்பறையிலிருந்து ஒரு நைலான் கயிற்றை எடுத்துவந்து, வேலை எப்படி நடக்கும் என்று பொறுமையாகச் சொன்னார். முதலில் கண்ணாடியைச் சுற்றி ரப்பரை மாட்ட வேண்டும். பளபளப்புப் பட்டையை அப்போதே ரப்பரில் செருகிவிட வேண்டும், கண்ணாடி ஏறிய பிறகு செருகினால் மடங்கிப்போகும். ரப்பரின் வெளிப் பள்ளத்தில் கயிற்றைச் சுற்றி, சோப்புத் தண்ணீர் தடவி, வெளியிலிருந்து ஒருவர் உள்ளங்கையால் அழுத்த, உள்ளே இருப்பவர் கயிற்றை இழுக்க இழுக்க ரப்பரின் உதடு தகர விளிம்பைத் தாண்டி உள்ளே வந்து உட்காரும். விளிம்பில் துரு இருந்தால் சுரண்டிப் பெயின்ட் அடித்த பிறகுதான் கண்ணாடி ஏறும் என்றும் அவரே சொன்னார்.

அத்தனையும் சரியான பேச்சு. நான் படித்து வைத்திருந்ததும் அதுவேதான். இவ்வளவு தெரிந்தவர் கை வைத்தால் போதும் என்று மனம் அப்படியே நிம்மதியானது. "ரப்பர் வரவழைக்கணும், முழுசா பேங்க்ல போட்டுடுங்க" என்றார். அங்கே நின்றபடியே போனில் 640 பவுண்டு அனுப்பினேன். ரசீதில் 'முன் கண்ணாடி வேலை' என்று ஒரே வரி. அதைக்கூட நான் கேள்வி கேட்கவில்லை.

வண்டியை எடுக்கப் போன அன்று உள்ளே வினிகர் வாசம் குப்பென்று அடித்தது. "சீலண்ட்தான், ரெண்டு நாள்ல போயிடும்" என்றார். மேல் பட்டை ஒரு இடத்தில் நெளிந்திருந்ததைக் காட்டினேன். வெயில் பட்டால் படிந்துவிடுமாம்.

முதல் மழையிலேயே என் மனைவி, "என்னங்க, காலுக்குக் கீழ ஒரே ஈரமா இருக்கே" என்றாள். விரிப்பைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டியது. உடனே போன் செய்தேன். புது ரப்பர் படிய இரண்டு வாரம் ஆகும் என்றார்கள். இரண்டு வாரம் பொறுத்தேன். அப்புறம் அது மழைத் தண்ணீரே இல்லை, உள்ளே வேர்க்கிறது என்றார்கள். வீடியோ எடுத்து அனுப்பினேன், மூலையிலிருந்து தண்ணீர் வடிவது தெளிவாகத் தெரிகிறது. பதில் இல்லை. நேரில் போனால் முதலாளி விடுமுறையில் இருக்கிறார். அடுத்த வாரம் அவரே போனை எடுத்து, "உங்க வண்டி பாடியே கோணல், நாங்க என்ன செய்ய முடியும்?" என்றார். பணம் வாங்கும் நாளில் அந்தக் கோணல் அவர் கண்ணில் படவில்லையா?

நேற்று கழற்றியபோது தெரிந்தது. கீழ் மூலை இரண்டிலும் ரப்பரின் உதடு விளிம்பைத் தாண்டி வரவே இல்லை. கயிற்றை முழுக்க இழுக்காமல் விட்டுவிட்டு, அந்த இடைவெளியைக் குளியலறைக்குப் போடும் சிலிக்கோனால் அடைத்திருக்கிறார்கள். வினிகர் வாசம் அதுதான். அதிலிருந்து வரும் அமிலம் வெறும் இரும்பில் பட்டால் துருவை வளர்க்கும். பழைய துருவை யாரும் தொட்டதாகவே தெரியவில்லை, பெயின்ட் ஒரு சொட்டு இல்லை. சிலிக்கோன் பிடித்த பிடியில் கழற்றும்போது கண்ணாடியும் மூலையில் விரிசல் விட்டுவிட்டது. 640 பவுண்டு கொடுத்து, என் வண்டிக்கு நானே துருவை வாங்கி வைத்திருக்கிறேன்.

சரி, சொல்வதாகச் சொன்னவை. முழுப் பணத்தையும் முன்னால் கொடுக்காதீர்கள். கிரெடிட் கார்டில் கொடுங்கள். இங்கே பிரிட்டனில் 100 பவுண்டுக்கு மேல் 30,000 வரை உள்ள பொருளுக்கோ வேலைக்கோ, 1974 கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவின்படி கார்டு கம்பெனிக்கும் பொறுப்பு உண்டு. பேங்க் மூலம் அனுப்பிய எனக்கு அந்த வழி அடைபட்டுவிட்டது. கண்ணாடியைக் கழற்றியதும் விளிம்பை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இடைவெளியை அடைக்க, இறுகாத பசையான மாஸ்டிக்தான் போட வேண்டும் என்று ரசீதிலேயே எழுத வையுங்கள். வண்டியை எடுக்கும் முன் அங்கேயே ஹோஸ் பிடித்துத் தண்ணீர் அடித்துப் பாருங்கள். வினிகர் வாசம் வந்தால் வண்டியை எடுக்காதீர்கள்.

2015 நுகர்வோர் உரிமைச் சட்டத்தைக் காட்டி, 640 பவுண்டையும் கண்ணாடி விலையையும் கேட்டு இன்று காலை கடிதம் அனுப்பிவிட்டேன். 14 நாள் கெடு. பதில் வராவிட்டால் சிறு வழக்கு நீதிமன்றம்தான். வண்டி இப்போது கண்ணாடி இல்லாமல் தார்ப்பாய்க்குக் கீழே நிற்கிறது.