பச்சை டிக் போட்ட மேக்

எங்கள் ஆபீஸ் ஆன்டிவைரஸின் ரினியூவல் விலை இறங்கிய சேதி கேட்டு அம்பத்தூர் நண்பர் போன் செய்தார். "நீங்கதான் வருஷக்கணக்கா வெச்சிருக்கீங்களே சார், எங்க ஆபீஸுக்கும் போட்டுடலாமா?" பதில் சொல்ல ஆரம்பித்துக் கோபம் வந்துவிட்டதால் எழுதியே அனுப்புகிறேன் என்றேன். பிராண்ட் பெயர் வேண்டாம். நடுவில் ஒரு ரிலே வைத்து அப்டேட்டைப் பிரித்துக் கொடுக்கும் கட்டண ஆன்டிவைரஸ், அவ்வளவு போதும்.

எங்களுடையது ராயப்பேட்டையில் ஓர் அச்சக ஆபீஸ். கணக்குப் பிரிவில் விண்டோஸும் டேலியும். டிசைனர்களுக்கு மேக். ஃபைல் சர்வர் உபுண்டு, அதாவது லினக்ஸ். கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ் என்று வாடிக்கையாளர்கள் கொண்டுவரும் பென் டிரைவ் வழியாகத்தான் எல்லாத் தொல்லையும் உள்ளே வரும். அதிலுள்ள ஷார்ட்கட் வைரஸ் மேக்கை ஒன்றும் செய்யாது. ஆனால் டிசைனர் அந்த ஃபோல்டரை அப்படியே சர்வரில் இழுத்துப் போடுவார், பில் போடுபவர் அதை விண்டோஸில் திறப்பார். மேக்குக்கு எதற்கு ஆன்டிவைரஸ் என்று கேட்கும் முதலாளிகள் இந்த இடத்தை இரண்டு முறை படிக்கவும்.

ரிலேயோடு எனக்குச் சண்டையே இல்லை. ஒரே ஒரு கணினி இணையத்திலிருந்து டெஃபனிஷனை, அதாவது வைரஸ்களின் அடையாளப் பட்டியலை, இறக்கும்; மற்றவை ஆபீஸ் நெட்வொர்க்கிலேயே வாங்கிக்கொள்ளும். அதுவும் பெரும்பாலும் நேற்றைக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும். காலையில் எல்லாரும் ஒன்றாகக் கணினியைப் போட்டதும் இணையம் திணறுவது அதோடு நின்றது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் ஃபைபர் போனபோது, ரிலேயை மட்டும் ஒரு போனின் ஹாட்ஸ்பாட்டில் மாட்டி ஆபீஸ் முழுவதையும் ஓட்டினேன்.

2024 ஜூலை 19-க்கு அப்புறம் ரிலே மேல் மரியாதை கூடியது. க்ரவுட்ஸ்ட்ரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு தவறான அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் படுத்துவிட்டன என்று மைக்ரோசாஃப்ட் கணக்குச் சொன்னது. மேக்கும் லினக்ஸும் தப்பின. நாங்கள் வைத்திருப்பது வேறு ஆன்டிவைரஸ்தான். இருந்தாலும் அன்று மாலையே, புது அப்டேட் முதலில் முக்கியமில்லாத இரண்டு கணினிகளுக்குப் போகட்டும், மற்றவை சில மணி நேரம் காத்திருக்கட்டும் என்று ரிலேயில் மாற்றி வைத்தேன். பத்து நிமிட வேலை.

சரி, அந்தப் பச்சை டிக்குக்கு வருகிறேன்.

எல்லாக் கணினிகளின் நிலையையும் நான் ஒரே இடத்தில் பார்க்கும் திரைதான் கன்சோல். அதில் ஒவ்வொரு கணினிக்கும் எதிரே ஒரு டிக் இருக்கும். மேக்குகள் எப்போதும் பச்சை. கடிதம் பெட்டியில் விழுந்தது என்பதற்குத்தான் அந்தப் பச்சை, வீட்டில் ஆள் இருக்கிறாரா என்பதற்கு அல்ல. 2018-இல் வந்த மொஹாவே என்ற மேக் ஓஎஸ் பதிப்பிலிருந்து, 'ஃபுல் டிஸ்க் அக்சஸ்' அனுமதி இல்லாத மென்பொருளுக்கு மேக் சில ஃபைல்களைக் காட்டாது. அடுத்த வருடம் வந்த கேட்டலினா, டெஸ்க்டாப்பையும் டவுன்லோட்ஸையும் கூடப் பூட்டிவிட்டது. பென் டிரைவிலிருந்து எடுத்ததை டிசைனர்கள் போட்டு வைப்பது அங்கேதான்! ஓஎஸ் அப்கிரேடு செய்தால் எங்கள் மேக்குகளில் ஒன்றிரண்டு இந்த அனுமதியைத் தொலைத்துவிடுகின்றன. டெஃபனிஷன் மட்டும் நாள் தவறாமல் வந்து இறங்கும். ஐகார் என்று 68 எழுத்தில் ஒரு தீங்கில்லாத சோதனை ஃபைல் உண்டு. அதைக் கண்டால் ஆன்டிவைரஸ் அலற வேண்டும். அனுமதி போன மேக்கின் டெஸ்க்டாப்பில் அதைப் போட்டுப் பார்த்தேன். ஒரு முனகல்கூட இல்லை. கன்சோலில் பச்சை.

உபுண்டுவும் இதே கதைதான். ஓஎஸ்ஸின் மையப் பகுதியான கெர்னலை அப்டேட் செய்த பிறகு, ஃபைலைத் திறக்கும்போதே சோதிக்கும் ஆன்டிவைரஸ் பகுதி ஏறாமல் நிற்கும். அதற்கும் பச்சை.

நியாயமாகப் பார்த்தால், அனுமதி கேட்பது ஆப்பிளின் விதி. அதற்காக ஆன்டிவைரஸ்காரரைத் திட்ட முடியாது. ஆபீஸ் கணினிகளை ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் எம்டிஎம் மென்பொருள் இருந்தால் எல்லா மேக்குக்கும் ஒரே செட்டிங் ஃபைலில் (ப்ரொஃபைல்) அனுமதியைத் தள்ளிவிடலாம். எங்களைப் போன்ற ஆபீஸில் அதற்கு யார் காசு கொடுப்பார்கள்? ஆனால் அனுமதி இல்லை என்பது மேக்கில் ஓடும் ஆன்டிவைரஸ் ஏஜென்டுக்கு நன்றாகவே தெரியும். அந்த மேக்கின் மெனு பாரில் ஒரு குட்டி மஞ்சள் குறியே காட்டுகிறது. டிசைனர் அதை பேட்டரி சமாசாரம் என்று விட்டுவிடுகிறார். அந்த மஞ்சளைக் கன்சோலில் எனக்குக் காட்டினால் என்ன குறைந்துவிடும்? ஆன்டிவைரஸ்காரரிடம் புகார் டிக்கெட் போட்டால், கருத்துக்கு நன்றி, தயாரிப்புக் குழுவுக்கு அனுப்பிவிட்டோம் என்று பதில் வரும். போன வருடமும் அனுப்பினார்கள்.

ஆகவே நண்பரே, ரிலேக்குப் பத்துக்கு ஒன்பது கொடுப்பேன், ஆனாலும் வாங்காதீர்கள். உங்களிடம் வெறும் விண்டோஸ்தான் என்றால் கூடவே வரும் டிஃபெண்டரே போதும். விண்டோஸின் குரூப் பாலிசி செட்டிங்கில் சொல்லிவிட்டால் ஆபீஸுக்குள் ஒரு ஷேர் ஃபோல்டரிலிருந்தே டெஃபனிஷன் எடுத்துக்கொள்ளும். நான் ரினியூ செய்துவிட்டேன், அது வேறு விஷயம். இன்னொன்றை எல்லா மேக்கிலும் ஏற்றி, ஒவ்வொன்றாக அனுமதி கொடுத்துக்கொண்டிருக்க இப்போது எனக்குத் தெம்பில்லை.

மேக் இருக்கிறது, வாங்கியே தீருவேன் என்றால், டெமோ காட்ட வருபவர் எதிரிலேயே ஒரு மேக்கில் அந்த அனுமதியை எடுத்துவிடுங்கள். கன்சோலில் நிறம் மாறினால் செக்கில் கையெழுத்துப் போடுங்கள்.